வேண்டாம் என்றதை எழுதி வைத்தல்: ஒரு சிறு நிரல்மொழியின் காரணப் பதிவேடு

கடைகளுக்கான பில் மென்பொருள் செய்யும் சிறிய நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். சிங்கப்பூரின் சிராங்கூன் சாலை மளிகைக் கடை முதல் சேவைக் கட்டணம் வாங்கும் உணவகம் வரை எல்லாருமே எங்கள் வாடிக்கையாளர்கள். விலை, தள்ளுபடி, வரி ஆகியவற்றை விதிகளாக எழுதுவதற்கென்று நாங்களே ஒரு சிறு நிரல்மொழியை உருவாக்கி வைத்திருக்கிறோம். வெளியில் யாருக்கும் அதன் பெயர் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அந்த மொழியின் ஒவ்வொரு வடிவமைப்பு முடிவுக்கும் காரணத்தைக் குறித்துவைக்கும் பதிவேடு ஒன்றை 2018 முதல் நடத்தி வருகிறோம். இத்தனை ஆண்டுப் பயன்பாட்டில் அந்தப் பதிவேடு எதற்கு உதவியது, எதற்கு உதவவில்லை என்பதுதான் இந்தப் பகிர்வு.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதிவேட்டின் பெரும்பகுதியை யாரும் படிப்பதில்லை. ‘எதைத் தேர்ந்தெடுத்தோம், அது ஏன் சிறந்தது’ என்று எழுதிய பக்கங்கள் தூசி படிந்து கிடக்கின்றன. தேர்ந்தெடுத்தது மொழியிலேயே இருக்கிறது, பயன்படுத்துகிறவர் கண்ணால் பார்த்துக்கொள்கிறார். மொழியில் எங்கும் தென்படாதது, நாங்கள் வேண்டாம் என்று ஒதுக்கியதுதான். அதை எழுதிய பக்கங்களே மீண்டும் மீண்டும் திறக்கப்படுகின்றன. பதிவேட்டுக்குச் செலவிட்ட உழைப்பெல்லாம் அந்தப் பக்கங்களால்தான் ஈடாகியது.

தொடக்கத்தில் நாங்கள் எடுத்துக்கொண்டது மைக்கேல் நைகார்ட் 2011இல் முன்வைத்த வடிவம். சூழல், முடிவு, நிலை, விளைவுகள் என்று ஒரு பக்கத்துக்குள் முடிந்துவிடும். எழுத எளிது, நல்ல வடிவம்தான். ஆனால் ஒதுக்கியவற்றுக்கு அதில் தனி இடம் இல்லாததால் ‘சூழல்’ பகுதிக்குள் அரைகுறையாகத் திணித்துக்கொண்டிருந்தோம். பிறகு பைத்தான் மொழியில் மாற்றங்களை முன்மொழியும் ‘பெப்’ ஆவணங்களைப் பார்த்தோம். விவாதத்தில் எழுந்து ஏற்கப்படாமல் போன யோசனைகளையும் அவை ஏற்கப்படாத காரணத்தையும் பதிவு செய்ய வேண்டும் என்று அவற்றின் முதல் ஆவணமே சொல்கிறது. ரஸ்ட் மொழியின் முன்மொழிவுப் படிவத்தில் இன்னொரு கேள்வி இருக்கிறது: இதைச் செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? இந்த ஒரு கேள்வியைச் சேர்த்ததுமே எங்களிடம் வந்துகொண்டிருந்த யோசனைகளில் கணிசமானவை முன்மொழிந்தவர் கையிலேயே உதிர்ந்துபோயின. இப்போது எங்கள் படிவம் மூன்றையும் கலந்த ஒன்று.

ஒதுக்கியதை எழுதும் பழக்கம் எங்கே கைகொடுத்தது என்றால், பணத்தில்தான். சிங்கப்பூரில் 2002க்குப் பிறகு ஒரு காசு நாணயம் வெளியிடப்படுவதில்லை. அதனால் ரொக்கமாக வாங்கும்போது மொத்தத்தை ஐந்து காசுக்கு முழுமையாக்குகிறார்கள். அட்டையிலோ பேநவ் என்ற மின்பணப் பரிமாற்றம் வழியாகவோ செலுத்தினால் கடைசிக் காசு வரை அப்படியே போகும். புதிதாகச் சேருகிற ஒவ்வொருவரும் தவறாமல் கேட்கும் கேள்வி இது: “அண்ணா, ஐந்து காசுக்கு முழுமையாக்குவதை மொழியே தானாகச் செய்துவிடலாமே?” கேட்பதில் தவறே இல்லை. ஆனால் பில் கணக்கிடும்போது வாடிக்கையாளர் எப்படிப் பணம் தருவார் என்று மொழிக்குத் தெரியாது. தெரிந்தாலும் சில கடைகள் அருகில் உள்ள ஐந்து காசுக்குப் போகும், சில கடைகள் வாடிக்கையாளர் மனம் கோணாமல் எப்போதும் கீழே இறக்கும். அதனால் முழுமையாக்கலை மொழிக்கு வெளியே, பணம் வாங்கும் திரையில் வைத்தோம். பதிவு இல்லாத காலத்தில் இந்த விவாதம் ஒவ்வொரு முறையும் ஒரு பிற்பகலை விழுங்கும். இப்போது பதிவு எண்ணைச் சொல்கிறேன், படித்துவிட்டு வந்து பேசுகிறார்கள். சிலர் பேச வருவதே இல்லை.

வரி கணக்கிடுவதிலும் இப்படி ஒரு பக்கம் உண்டு. 1.05 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) விலையுள்ள பொருள் மூன்று வாங்கினால், ஒவ்வொரு வரிசையிலும் 9 விழுக்காடு கணக்கிட்டுக் காசுக்கு முழுமையாக்கினால் வரி 27 காசு. மொத்தம் 3.15 வெள்ளிக்கு ஒரே முறை கணக்கிட்டால் 28 காசு. எதைத் தேர்ந்தெடுத்தாலும் யாரோ ஒரு கணக்காளர் தொலைபேசியில் அழைப்பார். எதைத் தேர்ந்தெடுத்தோம் என்பதைவிட, மற்றதை ஏன் விட்டோம் என்ற பத்திதான் அந்த அழைப்பைச் சீக்கிரம் முடித்துவைக்கிறது.

இந்த வகைப் பதிவு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நான் எப்போதும் காட்டுவது பைத்தானின் 327ஆம் பெப். பணக்கணக்குக்கு ஏற்ற தசம எண் வகையை முன்மொழிந்த ஆவணம் அது. 2004இல் வந்த பைத்தான் 2.4இல் அந்த வகை சேர்ந்தது. கணினி வழக்கமாகப் பயன்படுத்தும், 0, 1 இலக்கங்களால் மட்டுமே எழுதப்படும் இருமப் புள்ளி எண்ணிலிருந்து தசம எண்ணை உருவாக்கினால் என்ன செய்வது என்று அங்கே ஒரு விவாதம். 1.1 என்று எழுதியவருக்குச் சரியாக 1.1 கிடைக்க வேண்டுமா, அல்லது கணினி உள்ளே உண்மையில் வைத்திருக்கும் 1.100000000000000088817… என்ற நீண்ட எண் கிடைக்க வேண்டுமா? இரு தரப்பிலும் நியாயம் இருந்ததால், முதலில் அந்த மாற்றத்தை நேரடியாக அனுமதிக்கவே இல்லை. பல ஆண்டுகளுக்குப் பிறகு 2.7, 3.2 பதிப்புகளில் அனுமதித்தார்கள், நீண்ட எண் தரும் வகையில். நாங்கள் இதே சந்திப்பில் நின்றபோது அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு, எங்கள் மொழியில் இருமப் புள்ளி எண்ணே வேண்டாம் என்று முடிவு செய்தோம். யாரோ பொறுமையாக எழுதிவைத்த ஒரு தயக்கம் எங்களுக்கு வாரக்கணக்கான வேலையை மிச்சப்படுத்தியது.

பொருள், சேவை வரிக் கதை இன்னும் சுவையானது. 2018 வரவுசெலவுத் திட்டத்தில், 2021 முதல் 2025க்குள் ஏதோ ஒரு சமயம் ஜிஎஸ்டி 7இலிருந்து 9 விழுக்காடாகும் என்று அறிவித்தார்கள். ‘பழைய விகிதம்’, ‘புதிய விகிதம்’ என்று மொழியில் ஒரு சுவிட்ச் வைத்தால் போதும் என்பது ஒரு தரப்பின் யோசனை. அதை ஒதுக்கிய பதிவில் ஒரு வாக்கியம் இருக்கிறது: மாற்றம் ஒரே அடியாக வரும் என்று இது நம்புகிறது, ஆனால் 2003இல் 4, 2004இல் 5 என்று முன்பே படிப்படியாக வந்திருக்கிறது. அதனால் விகிதத்துடன் தொடக்கத் தேதியையும் எழுதியே ஆக வேண்டும் என்று வைத்தோம். அறிவிப்பு 2022இல் தெளிவாக வந்தபோது 2023 ஜனவரியில் 8, 2024 ஜனவரியில் 9 என்றது. இதை எங்கள் தீர்க்கதரிசனம் என்று நான் சொல்லமாட்டேன். பழைய வரலாற்றைப் புரட்டிப் பார்த்த ஒருவர் குழுவில் இருந்தார், அவ்வளவுதான்.

பதிவேடு மாற்றத்துக்குத் தடையாகிவிடும் என்று அஞ்சுகிறவர்கள் உண்டு. நடந்தது நேர்மாறு. தொடக்கத்தில் எங்கள் மொழியில் பயனரே சொந்தச் செயற்கூறு, அதாவது பெயரிட்டு மீண்டும் மீண்டும் அழைக்கும் நிரல் துண்டு, எழுத முடியாது. விதிகளைக் கடைக்காரர்களே எழுதுவார்கள், அவர்களுக்குக் குழப்பம் கூடாது என்பது பதிவில் இருந்த காரணம். காலப்போக்கில் விதிகளை எழுதுவது முழுக்கப் பொறியாளர்கள் என்றாகிவிட்டது. புதிதாகச் சேர்ந்த ஒருவர் பக்கத்தைப் படித்துவிட்டு, “இந்தக் காரணம் இப்போது உயிரோடு இல்லையே” என்றார். அடுத்த பதிப்பிலேயே செயற்கூறு வந்துவிட்டது. காரணம் எழுதாமல் முடிவு மட்டும் இருந்திருந்தால், ‘பெரியவர்கள் ஏதோ யோசித்துத்தான் வைத்திருப்பார்கள்’ என்று இன்றும் கும்பிட்டுக்கொண்டிருப்போம். கோ மொழியிலும் இப்படித்தான். சிக்கலுக்கு ஈடான பயன் தரும் வடிவமைப்பு இன்னும் கிடைக்கவில்லை என்பதே பொதுமை வகைகள் (ஒரே நிரலைப் பல தரவு வகைகளுக்குப் பயன்படுத்தும் வசதி) இல்லாததற்கு அவர்கள் எழுதிவைத்திருந்த காரணம். கேள்வி திறந்தே இருக்கிறது என்பதையும் மறைக்கவில்லை. வடிவமைப்பு கிடைத்ததும் 2022 மார்ச்சில் 1.18 பதிப்பில் சேர்த்துவிட்டார்கள்.

எப்போது எழுதுவது என்பதில் நான் பிடிவாதக்காரன். முடிவெடுத்த வாரத்திலேயே எழுத வேண்டும். ஏடா மொழிக்கான காரண விளக்கம் 1979இல், மொழி இறுதி வடிவம் பெறுவதற்கு முன்பே, முதற்கட்டக் கையேட்டுடன் சேர்ந்து வெளிவந்தது. காலம் கடந்து எழுதியதற்கு உதாரணம் சி மொழி. அதில் ‘மற்றும்’ எனப் பொருள்படும் ‘&’ குறியின் முன்னுரிமை (எது முதலில் கணக்கிடப்படும் என்ற வரிசை) ‘சமமா’ என்று கேட்கும் ‘==’ குறியைவிடத் தாழ்ந்திருப்பது தலைமுறை தலைமுறையாக நிரலாளர்களைத் தடுக்கிவிட்டிருக்கிறது. நிபந்தனைகளை இணைக்கும் ‘&&’ குறி தாமதமாக வந்ததன் தழும்பு அது என்பதையும், அப்போதே மாற்றியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்பதையும் சி மொழியை உருவாக்கிய டென்னிஸ் ரிச்சி 1993இல் எழுதினார். நேர்மையான மனிதர் என்பதால் உண்மையான காரணம் கிடைத்தது. எல்லாரும் ரிச்சி அல்லர். பல மாதம் கழித்துக் காரணம் எழுதச் சொன்னால் நம்மில் பெரும்பாலோர் எழுதுவது தற்புகழ்ச்சிதான். எங்கள் பதிவேட்டில் தாமதமாக எழுதிய பக்கங்களை வாசனையிலேயே கண்டுபிடித்துவிடலாம். அவற்றில் ஒதுக்கப்பட்ட யோசனைகள் எல்லாம் முட்டாள்தனமாகத் தெரியும். உண்மையான விவாதத்தில் தோற்ற தரப்பு அப்படி இருப்பதில்லை. அதனால் ஒதுக்கப்பட்ட யோசனையை அதை முன்மொழிந்தவரே எழுத வேண்டும் என்று விதி வைத்திருக்கிறோம்.

எரிச்சல்களும் உண்டு. மதிய உணவின்போது வாட்ஸ்அப்பில் முடிவாகிற விஷயங்கள் பதிவேட்டுக்கு வந்து சேருவதில்லை. நீளமாக எழுதுகிறவர்களைக் கட்டுப்படுத்த முடியவில்லை. தேடுவது பெருந்தொல்லையாக இருந்தது. விக்கியில் வைத்திருந்தபோது ஒன்றுமே கிடைக்காது. நிரலுடன் ஒரே கிட் களஞ்சியத்துக்கு (நிரலின் மாற்றங்களைச் சேமிக்கும் இடத்துக்கு) மாற்றியது பாதி தீர்வு. மீதி தீர்வு ரஸ்ட்டைப் பார்த்துக் கற்றது. அதன் தொகுப்பி (நிரலைக் கணினி மொழிக்கு மாற்றும் கருவி) பிழைக்கு ஒரு எண் தருகிறது, அந்த எண்ணைக் கொடுத்தால் விளக்கம் வருகிறது. எங்கள் தொகுப்பியும் இப்போது பிழைச் செய்தியின் கடைசியில் பதிவு எண்ணைச் சொல்கிறது. பதிவேட்டைத் தேடி யாரும் போவதில்லை. தடுக்கி விழும் இடத்தில் அதுவே வந்து நிற்கிறது. இந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகுதான் அது உண்மையில் பயன்பாட்டுக்கு வந்தது என்பேன்.

அண்மைக் காலச் சிக்கல் வேறு. செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் நிரல் மாற்றத்தைக் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் அழகான காரணப் பக்கம் எழுதித் தந்துவிடுகிறது. படிக்கச் சுகமாக இருக்கும், ஆனால் அந்தக் காரணம் யார் மனதிலும் இருந்ததில்லை. விவாதத்தில் இருந்த ஒருவரின் பெயர் இல்லாத பக்கத்தை இப்போது நாங்கள் ஏற்பதில்லை. எங்கள் பதிவுகளில் ஒன்றில் ‘காரணம்: யாருக்கும் நினைவில்லை’ என்று மட்டும் எழுதியிருக்கிறது. கருவி எழுதிய எந்தப் பக்கத்தையும்விட அது பயனுள்ளது. அந்தப் பதிவுக்குரிய முடிவை மாற்ற விரும்புகிறவர் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை என்று தெரிந்துவிடுகிறது அல்லவா!