வாட்எவர்கிரீன் கெக்ஸ்ட்: ஹாக்கின்டாஷில் திரை வருமா, வராதா?

ஆப்பிள் தயாரிக்காத கணினியில் மேக்ஓஎஸ் நிறுவியவர்கள் (அத்தகைய கணினியே ஹாக்கின்டாஷ்) கறுப்புத் திரையில் சிக்கி நிற்கும்போது, அனுபவசாலிகள் முதலில் கேட்பது வாட்எவர்கிரீன் சேர்த்திருக்கிறீர்களா என்பதைத்தான். அசிடாந்தெரா குழுவினர் இலவசமாக வெளியிடும் இந்த கெக்ஸ்ட் (மேக்ஓஎஸின் கருவோடு இணைந்து இயங்கும் நீட்சி), லிலு என்னும் மற்றொரு கெக்ஸ்டைச் சார்ந்து இயங்குவதால், மேக்ஓஎஸைத் தொடக்கிவைக்கும் ஓப்பன்கோர் நிரலின் அமைப்புக் கோப்பில் லிலுவுக்குப் பின்னரே இதன் பெயர் வர வேண்டும். இன்டெலுக்கு ஒன்று, என்விடியாவுக்கு ஒன்று எனச் சிதறிக் கிடந்த திருத்தங்கள் 2018ஆம் ஆண்டில் இதற்குள் ஒன்றிணைக்கப்பட்டன. அந்த ஒரு காரணத்துக்காகவே இதைப் பாராட்டலாம்.

பெயரைக் கேட்டு இதை ஒரு டிரைவர் என்று எண்ணிக்கொள்பவர்கள்தான் ஏமாற்றமடைகிறார்கள். ஆப்பிளின் சொந்த டிரைவர்கள் நினைவகத்தில் ஏறும் வேளையில், அவற்றில் உள்ள சில சோதனைகளையும் எண்களையும் மாற்றிவிடுவதே இதன் பணி. வட்டில் உள்ள கோப்புகளைத் தொடாததால் சிஸ்டம் அப்டேட்டுகளுக்குப் பிறகும் திருத்தங்கள் பெரும்பாலும் நிலைக்கின்றன. ஆனால், ஆப்பிள் டிரைவரே எழுதாத கார்டுக்கு இதனால் உயிர் கொடுக்க முடியாது.

ஏஎம்டி கார்டுகளில் இதன் செயல்பாடு மிகச் சிறப்பானது. ஆர்எக்ஸ் 580 போன்ற போலாரிஸ் கார்டுகள் ஏறக்குறைய எந்த அமைப்பும் இன்றி இயங்குகின்றன. ஆர்எக்ஸ் 5700, 6800 போன்ற நவி வகைகளில், தொடக்கத்தில் வரும் எழுத்துகள் ஓடி முடிந்ததும் திரை அணைந்துவிடுவது வழக்கமான தொல்லை. கணினி எந்த மேக் மாடலாகத் தன்னைக் காட்டிக்கொள்கிறது என்பதைப் பார்த்து ஆப்பிளின் கிராபிக்ஸ் கொள்கைக் கூறு வெளியீட்டைத் தடுப்பதே அதற்குக் காரணம். பூட் வாதங்களில் (கணினி தொடங்கும்போது தரப்படும் கட்டளைகளில்) 'ஏஜிடிபிமாட்=பிகேரா' (agdpmod=pikera) என்ற ஒரே வரியைச் சேர்த்தால் அந்த ஒப்பீடு செயலிழந்து திரை வந்துவிடும். ஆர்எக்ஸ் 6600 என்றால் மேக்ஓஎஸ் 12.1 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு தேவை. 6700 எக்ஸ்டி வைத்திருப்பவர்களுக்கு ஆப்பிளின் டிரைவரில் இடமே இல்லாததால், இந்த கெக்ஸ்ட் மட்டும் அவர்களைக் காப்பாற்றாது.

உண்மையான சோதனை இன்டெல்லின் உள்ளமைந்த கிராபிக்ஸில்தான் தொடங்குகிறது. டிரைவர் எந்த கிராபிக்ஸ் அமைப்பைப் பின்பற்ற வேண்டும் என்று குறிக்கும் பிளாட்ஃபார்ம் ஐடி எண்ணை, பைட்டுகளின் வரிசையைத் தலைகீழாக்கித்தான் அமைப்புக் கோப்பில் எழுத வேண்டும் என்பதைக் கவனிக்காமல் பலரும் நாள்கணக்கில் தடுமாறுகிறார்கள். ஐடி சரியாக இருந்தும் திரை ஊதா நிறம் பூசியதுபோல் தெரிந்தால், எச்டிஎம்ஐ துளையை டிரைவர் டிஸ்பிளேபோர்ட் என்று நினைத்துக்கொண்டிருக்கக்கூடும். இணைப்பு வகையை மாற்றும் வசதி வாட்எவர்கிரீனில் உண்டு. பயாஸில் முன்ஒதுக்க நினைவகத்தை (கிராபிக்ஸுக்கென முன்கூட்டியே ஒதுக்கும் நினைவகத்தை) 64 எம்பி ஆக உயர்த்த வழியில்லாத மதர்போர்டுகளுக்கும், அதைக் குறைவாகக் கேட்கும்படி ஃப்ரேம்பஃபரை (திரைக்கான படத்தைக் கையாளும் டிரைவர் பகுதியை) திருத்தும் ஏற்பாடு இருக்கிறது. இத்தனையும் செய்யவல்ல கருவிக்கு இணைந்துவரும் கையேடு, ஏற்கெனவே விஷயம் தெரிந்தவருக்கு எழுதியதுபோல் இறுக்கமாக இருப்பதுதான் என் பெரிய குறை. பதினோராம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்களின் கிராபிக்ஸுக்கு ஆப்பிளிடம் டிரைவர் இல்லை என்பதால், அங்கே கையேட்டைப் புரட்டுவதும் வீண்.

என்விடியாவைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மேக்ஸ்வெல், பாஸ்கல் தலைமுறைக் கார்டுகளுக்கு என்விடியா தானே வெளியிட்ட வெப் டிரைவர் மேக்ஓஎஸ் 10.13.6 உடன் நின்றுவிட்டது. அவற்றுக்கு முந்தைய கெப்லர் தலைமுறைக்கான ஆதரவையும் ஆப்பிள் மான்டெரேயில் (மேக்ஓஎஸ் 12) நீக்கியது. ஆர்டிஎக்ஸ் வரிசைக்கு டிரைவர் வந்ததே இல்லை. மடிக்கணினியில் அப்படியொரு கார்டு இருந்தால், '-வெக்நோஇஜிபியு' (-wegnoegpu) என்ற வாதத்தால் அதை அணைத்துவிட்டு இன்டெல்லோடு வாழ்வதே விவேகம்.

திரை வந்துவிட்டதாலேயே வேலை முடிந்ததாகக் கொள்ளக்கூடாது. 'இந்த மேக் பற்றி' சாளரத்தில் கிராபிக்ஸ் நினைவகம் வெறும் 7 எம்பி என்று காட்டினால், டிரைவர் ஏறவில்லை, முடுக்கமற்ற அடிப்படை வெளியீடுதான் நடக்கிறது என்று பொருள். இந்த நிலையில் வாட்எவர்கிரீன் தானாக எந்த எச்சரிக்கையும் தருவதில்லை. டீபக் பதிப்பை (பிழைகளைக் கண்டறியும் பதிப்பை) நிறுவி '-வெக்டிபிஜி' (-wegdbg) வாதத்தைச் சேர்த்துப் பதிவுகளைத் தோண்டினால்தான் எந்தத் திருத்தம் பொருந்தவில்லை என்பது தெரியவரும். சாதாரணப் பயனருக்கு இது கடினமான வேலை.

ஆப்பிளின் உரிம ஒப்பந்தம் இத்தகைய நிறுவல்களை அனுமதிப்பதில்லை என்பதையும், இன்டெல் மேக்குகளை ஆதரிக்கும் கடைசி மேக்ஓஎஸ் பதிப்பு டஹோ 26 என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஆகவே பொருந்தும் ஏஎம்டி கார்டு கையிலிருப்பவர்களுக்கு இதைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். இதை நம்பிப் புதிதாக ஒரு கார்டு வாங்க நினைப்பவர்களுக்குப் பரிந்துரைக்கவில்லை.