மெட்ராஸ்ல வெளிய சாப்பிடறது: ரெண்டாவது வாட்டி சாம்பார் கேட்டுப் பாருங்க

சென்னைக்கு வந்து 14 வருஷம் ஆச்சு, இதுல பாதி நாள் வெளிய தான் சாப்பாடு. முதல்ல திருவல்லிக்கேணி மேன்ஷன்ல இருந்தேன், அப்புறம் கல்யாணம் ஆகி மேற்கு மாம்பலம். மேன்ஷன்ல இருந்தவனுக்கு ஓட்டல் தான் வீட்டு அடுப்படி, அதனால இதைப் பத்திச் சொல்ல எனக்கு நிறைய இருக்கு. ஒரு கடை நல்ல கடையான்னு நான் பாக்கறது ஒரே ஒரு விஷயத்துல தான், ரெண்டாவது வாட்டி சாம்பார் கேட்டா என்ன பண்றாங்க. முதல் வாட்டி எல்லாருமே நல்லா தான் வைப்பாங்க, கிண்ணம் பளபளன்னு இருக்கும், மேல கொத்தமல்லி மிதக்கும். ரெண்டாவது வாட்டி கேக்கும்போது தான் அந்தக் கடை சாப்பிட வந்தவன என்னவா நினைக்குதுன்னு தெரியும்.

போன மாசம் அம்மா கும்பகோணத்துலேர்ந்து வந்திருந்தாங்க. பேத்திக்கு டிரஸ் எடுக்கணும்னு ஒரு பெரிய மாலுக்குப் போனோம், பசி எடுத்துச்சு, உள்ளயே ஒரு சவுத் இண்டியன் ரெஸ்டாரண்ட், பேரு வேணாம். மெனு கார்டு கிடையாது, டேபிள்ல ஒட்டியிருக்கற க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணணுமாம். அம்மாவுக்கு அந்தச் சின்ன எழுத்து தெரியல, நானே ஒவ்வொண்ணா படிச்சுச் சொன்னேன். ரெண்டு இட்லி 90 ரூபா. சரி மால் வாடகை அப்படி, அதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. ஆனா அம்மாவுக்குப் பல்லு சரியில்ல, இட்லிய சாம்பார்ல நல்லா ஊறப் போட்டு தான் சாப்பிடுவாங்க, வந்த கிண்ணம் நாலு ஸ்பூன்ல தீந்துடுச்சு. இன்னும் கொஞ்சம் சாம்பார் தாங்கப்பான்னு அம்மா கேட்டாங்க, அந்தப் பையன் கையில இருந்த மெஷின்ல தட்டிட்டு 'எக்ஸ்ட்ரா சாம்பார் 30 ரூபா மேம்'னு சொன்னான். அம்மா கைய எடுத்துட்டாங்க. வேணாம்பா, இதுவே போதும்னு சொல்லிட்டு மிச்ச ஒன்றரை இட்லிய வெறும் சட்னில தொட்டு மென்னுட்டு இருந்தாங்க. நான் 30 ரூபா தானேம்மா வாங்கிக்கலாம்னு எவ்வளவோ சொன்னேன், சாம்பாருக்குக் காசு குடுக்கறதாடான்னு கேட்டாங்க. எனக்கு அன்னிக்கு சாப்பாடு இறங்கல.

சாம்பார் சும்மா வருதுங்கறது நம்ம ஊர் ஓட்டல் வழக்கத்தோட முதுகெலும்பு. இட்லி விலைக்குள்ளயே அது அடக்கம், வாளி எடுத்துட்டு ஒருத்தர் சுத்திட்டே இருப்பாரு, கை காமிச்சா போதும். வெளியூர்க்காரங்க கேட்டா ஆச்சரியப்படுவாங்க. துவரம்பருப்பு விலை ஏறுது, கமர்ஷியல் சிலிண்டர் விலை ஏறுது, கடைக்காரங்க கஷ்டம் எனக்குப் புரியாம இல்ல. அப்போ இட்லிக்கே 5 ரூபா ஏத்துங்க, யாரும் சண்டைக்கு வர மாட்டாங்க. கிண்ணத்துக்குக் காசு போடாதீங்க, அது வயசானவங்க கைய மடக்க வைக்குது.

அடுத்த ஞாயித்துக்கிழமை அம்மாவ ரத்னா கஃபேக்குக் கூட்டிட்டுப் போனேன், திருவல்லிக்கேணி ஹைரோட்ல இருக்கற பழைய கடை. 1948ல ஆரம்பிச்சது, ஆரம்பிச்சவங்க வடக்கேர்ந்து வந்த குப்தா குடும்பம்னு சொன்னா நிறைய பேர் நம்ப மாட்டாங்க, சாம்பாருக்கே பேர் போன கடை அது. அங்க இட்லிக்குப் பக்கத்துல சாம்பார் வைக்கற கதையே கிடையாது. தட்டுல ரெண்டு இட்லி வரும், சர்வர் ஜக்கோட வருவாரு, தட்டு விளிம்பு வரைக்கும் ஊத்துவாரு, இட்லி தீவு மாதிரி நடுவுல நிக்கும். ரெண்டு நிமிஷம் விட்டா இட்லி அடில சாம்பார உறிஞ்சி ஒரு கோடு மாதிரி நிறம் மாறும், அப்போ ஸ்பூனால வெட்டணும். சாம்பார் கெட்டியும் இல்ல தண்ணியும் இல்ல, லேசா இனிப்பு தட்டும், சின்ன வெங்காயம் முழுசா கிடக்கும். எனக்கு அந்த இனிப்பு ஒரு பொடி கம்மியா இருந்தா இன்னும் பிடிக்கும், கும்பகோணம் நாக்கு அப்படி. அம்மா பாதி சாப்பிட்டிருக்கும்போதே அந்த சர்வர் திரும்ப வந்து 'ஊத்தவாம்மா'ன்னு கேட்டுட்டு பதில் வர்றதுக்குள்ள ஊத்திட்டாரு. அம்மா எத்தனை வாட்டி ஊத்துனாருன்னு எண்ணிட்டு வீட்டுக்கு வந்து என் பொண்டாட்டிகிட்ட சொன்னாங்க, நாலு வாட்டி. கூட்டம் ஜாஸ்தி, உக்கார்றதுக்குப் பக்கத்துல நின்னு காத்துட்டு இருக்கணும், டேபிளைத் துடைக்கறது அவசரத் துடைப்பு தான், வண்டி நிறுத்த இடமே கிடைக்காது. அதெல்லாம் தெரிஞ்சே போங்க.

மயிலாப்பூர்ல ராயர் மெஸ். அருண்டேல் தெருவுல ஒரு சந்துக்குள்ள இருக்கு, முதல் வாட்டி போறவங்க கண்டிப்பா ஒரு தரம் தாண்டிப் போயிட்டு திரும்பி வருவாங்க. இட்லி, பொங்கல், வடை, கெட்டிச் சட்னி, காபி, காலைல அவ்வளவு தான், நூறு ஐட்டம் மெனு எல்லாம் கிடையாது. சீக்கிரம் போயிடணும். என்ன விசேஷம்னா, சமைக்கற இடத்துக்கும் நம்ம இலைக்கும் நடுவுல பத்து அடி கூட இருக்காது, வடை எண்ணெய்லேர்ந்து நேரா வருது. இதுக்கும் சங்கிலி ஓட்டல் வடைக்கும் உள்ள வித்தியாசம் சமையல் கைப்பக்குவம் மட்டும் இல்ல, தூரம். பெரிய ஓட்டல்கள் பல கிளை ஆரம்பிச்சதும் ஒரே இடத்துல பெரிய கிச்சன் போட்டு மாவு, சாம்பார், பொரியல்னு வேன்ல ஏத்தி அனுப்புறாங்க. மாவுக்கு அது பரவாயில்ல, எல்லா கிளைலயும் ஒரே பக்குவம் கிடைக்கும். சாம்பாருக்கும் ரசத்துக்கும் அது ஆகாது. ரசம் நுரை கட்டி இறக்கின அரை மணி நேரத்துல குடிக்கணும், திரும்பத் திரும்ப சூடு பண்ணா பெருங்காய வாசனை எல்லாம் போயி புளித்தண்ணி தான் மிஞ்சும். மத்தியானம் ரெண்டரை மணிக்கு மேல எந்தப் பெரிய கடைலயாவது ரசம் வாங்கிக் குடிச்சுப் பாருங்க, நான் சொல்றது புரியும்.

இதுக்காக பெரிய கடைய எல்லாம் நான் குறை சொல்ல வரல. 1981ல கே.கே. நகர்ல சின்னதா ஆரம்பிச்ச சரவண பவன் தான் சுத்தமான தட்டு, சுத்தமான கழிப்பறை, நடுத்தரக் குடும்பம் தைரியமா வந்து உக்கார்ற மாதிரி ஒரு ஹால், இதெல்லாம் சாதா சைவ ஓட்டலுக்கும் வேணும்னு இந்த ஊருக்குப் பழக்கினது. பொம்பளைங்க தனியா போயி நிம்மதியா ஒரு மினி டிபன் சாப்பிட முடியுதுன்னா அது பெரிய விஷயம், என் பொண்டாட்டி ஆபீஸ் நாள்ல அப்படித்தான் சாப்பிடறா. மெஸ்ஸுல அந்த வசதி எல்லா இடத்துலயும் கிடையாது, அதையும் சொல்லணும்.

அசைவத்துக்கு வந்தா பிரியாணி தான் முதல்ல. எனக்கு சீரக சம்பா தான் பிரியாணி அரிசி, திண்டுக்கல் பக்கத்து ஸ்டைல், 1957லேர்ந்து இருக்கற தலப்பாக்கட்டி அதைத்தான் வச்சிருக்காங்க. பொடி அரிசி, மசாலா உள்ள வரைக்கும் ஏறும், கைல எடுத்தா உதிரும் ஆனா வாய்ல காயாது. பாசுமதில நீளம் இருக்கு, வாசனை இருக்கு, மசாலா அரிசிக்கு வெளிய நிக்கற மாதிரியே தோணும் எனக்கு. எந்தக் கடையா இருந்தாலும் மத்தியானம் முதல் தம் உடைக்கற நேரத்துக்குப் போங்க, பன்னெண்டரைலேர்ந்து ஒரு மணிக்குள்ள. அண்டா மூடி எடுக்கும்போது நடுவுலேர்ந்து விழற அந்த முதல் தட்டுக்கும், நாலு மணிக்கு அடியச் சுரண்டிக் குடுக்கற தட்டுக்கும் ஒரே விலை தான், சாப்பாடு ஒண்ணு இல்ல. தொட்டுக்க கத்திரிக்கா கொத்சு இல்லாம வெறும் தண்ணி தயிர்ல நாலு வெங்காயம் மிதக்கவிட்டுக் குடுத்தா அந்தக் கடைக்கு நான் மறுபடி போறதில்ல.

மவுண்ட் ரோடு புஹாரிய விட முடியாது. 1951லேர்ந்து இருக்கு, சிக்கன் 65 இங்க 1965ல மெனுல வந்ததால அந்தப் பேருன்னு சொல்லுவாங்க. இப்போ ரோட்டோரக் கடைல கிடைக்கற சிவப்புக் கலர் உருண்டைய மட்டும் சாப்பிட்டுப் பழகினவங்க ஒரு வாட்டி அங்க போயி சாப்பிட்டுப் பாக்கணும்.

இப்போ பில்லு. இதைக் கொஞ்சம் நிதானமா படிங்க, நிறைய பேர் கேக்காமயே குடுத்துட்டு வர்றாங்க. சாதாரண ரெஸ்டாரண்ட்ல ஜிஎஸ்டி 5 சதவீதம், சிஜிஎஸ்டி ரெண்டரை, எஸ்ஜிஎஸ்டி ரெண்டரைன்னு பிரிச்சுப் போட்டிருக்கும், ஏசி இருந்தாலும் இல்லன்னாலும் அதே தான், 2017 நவம்பர்லேர்ந்து அப்படி. அது வரி, குடுத்துத்தான் ஆகணும். சர்வீஸ் சார்ஜ் வரி இல்ல. 2022 ஜூலைலயே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அதைத் தானா பில்லுல சேக்கக் கூடாதுன்னு சொல்லிடுச்சு, 2025 மார்ச்ல டெல்லி ஹைகோர்ட்டும் அந்த உத்தரவு செல்லும்னு சொல்லிச்சு. நுங்கம்பாக்கத்துல ஒரு கடைல ஆபீஸ் நண்பர்களோட போனப்ப 2,000 ரூபா சாப்பாட்டுக்கு 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் 200 போட்டு, அந்த 2,200க்கு மேல ஜிஎஸ்டி போட்டு 2,310 ரூபா பில்லு வந்துச்சு. 2,100 வந்திருக்கணும். மேனேஜர கூப்பிட்டு சத்தம் போடாம 'சார், சர்வீஸ் சார்ஜ எடுத்துட்டு வேற பில் குடுங்க'ன்னு சொன்னேன், முதல்ல 'எங்க பாலிசி சார்'னு சொன்னாரு, நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்குப் போன் பண்றேன்னு சொன்னதும் அஞ்சு நிமிஷத்துல வேற பில் வந்துடுச்சு. அந்த 200 ரூபாய நான் பையில போட்டுக்கல, எங்களுக்குப் பரிமாறின தம்பி கைல நேரா குடுத்தேன். சர்வீஸ் சார்ஜ்ல உங்களுக்கு எவ்வளவு வரும்னு கேட்டேன், தம்பி சிரிச்சுட்டுப் போயிட்டாரு.

இன்னொண்ணு, சின்ன கடைங்க பல பேர் காம்போசிஷன் திட்டத்துல, அதாவது சின்ன வியாபாரிங்களுக்கான எளிய ஜிஎஸ்டி முறைல இருப்பாங்க, அவங்க கஸ்டமர்கிட்ட ஜிஎஸ்டி வாங்கவே கூடாது, கைலேர்ந்து தான் கட்டணும். பில்லுல ஜிஎஸ்டி நம்பரே இல்லாம வரி மட்டும் போட்டிருந்தா கேளுங்க. தண்ணி விஷயமும் அப்படித்தான், உக்காந்த உடனே 'மினரலா நார்மலா'ன்னு கேப்பாங்க, நார்மல்னு சொல்றதுல எந்தக் கூச்சமும் வேணாம்.

சர்வர்கள பத்திச் சொல்லாம முடிக்க மனசு வரல. இப்போ பாதிக்கு மேல கடைகள்ல பரிமாறுறது அஸ்ஸாம், ஒடிசா, பீகார் பக்கத்துப் பசங்க. தமிழ் தெரியலன்னு அவங்ககிட்ட எரிஞ்சு விழற ஆளுங்கள நான் நிறைய பாத்துட்டேன், ரொம்பக் கஷ்டமா இருக்கும். காலைல அஞ்சு மணிக்கு எந்திரிச்சு ராத்திரி பதினொண்ணு வரைக்கும் நிக்கற பசங்க. எங்க தெரு முனைல ஒரு சின்ன டிபன் கடை இருக்கு, அங்க ஒடிசாவுலேர்ந்து வந்த ஒரு பையன், வந்து ஆறு மாசம் தான் ஆகுது. கெட்டிச் சட்னி, காரச் சட்னி, பொடி, எண்ணெய், 'கொஞ்சம் மொறுமொறுன்னு', 'முறுகலா வேணாம்', இவ்வளவு தமிழும் கத்துக்கிட்டான். அம்மா ஊருக்குக் கிளம்பற அன்னிக்குக் காலைல அங்க தான் சாப்பிட்டோம். அந்தப் பையன் அம்மா இட்லிய சாம்பார்ல ஊற வைக்கறத தூரத்துலேர்ந்து பாத்துட்டு, யாரும் கூப்பிடாமயே வாளிய எடுத்துட்டு வந்து 'பாட்டி, சாம்பார் போடவா'ன்னு கேட்டான். அம்மா தட்ட அவன் பக்கமா நகர்த்தி வச்சாங்க, எந்த ஊருப்பா, அம்மா அப்பா இருக்காங்களான்னு விசாரிச்சாங்க, அவனுக்குப் பாதி புரிஞ்சு பாதி புரியல, இருந்தும் நின்னு பதில் சொன்னான். மூணு பேர் சாப்பிட்டு, டபரால நுரையோட மூணு ஃபில்டர் காபியும் குடிச்சு 240 ரூபா ஆச்சு. காபில சிக்கரி கொஞ்சம் தூக்கலா இருந்துச்சு, அதை மட்டும் கல்லால இருந்தவர்கிட்ட சொல்லிட்டு வந்தேன்.