தெர்மோகோலா, ஃபோமா, கம்பளியா: நேரோபோட்டுக்குள் வீடு அமைக்கும்போது

ஜனவரி மாதத்தில் ஒரு காலை, எங்கள் நேரோபோட்டின், அதாவது இங்கிலாந்துக் கால்வாய்களில் ஓடும் ஒடுங்கிய நீள இரும்புப் படகின், படுக்கையறைச் சுவரிலிருந்து ஒரு பிளைவுட் பலகையைக் கழற்றினேன். முன்பக்கம் காய்ந்து, வார்னிஷ் பளபளப்பு குறையாமல் இருந்தது. பின்பக்கம் கறுத்துப்போய், விரல் பட்டதும் ஏடு ஏடாக உரிந்தது. அதற்கும் பின்னால், இரும்புச் சுவரில் தண்ணீர் முத்து முத்தாகக் கோத்திருந்தது. இரண்டு முத்து சேர்ந்ததும் ஒரு கோடாக இறங்கி, தரைப்பலகைக்கு அடியில் போய் மறைந்தது. படகில் எங்கேயும் ஓட்டை இல்லை. கால்வாய்த் தண்ணீர் ஒரு சொட்டுகூட உள்ளே வரவில்லை. அத்தனையும் நாங்கள் விட்ட மூச்சு, வைத்த சோறு, உள்ளே உலர்த்திய துணி.

இங்கிலாந்துக் கால்வாய்களில் பழைய படகு ஒன்றை வாங்கி உள்வேலையைத் தன் கையாலேயே செய்ய நினைப்பவர்கள், சமையலறை எங்கே, கட்டில் எங்கே என்றுதான் முதலில் காகிதத்தில் கோடு போடுகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். இரண்டு குளிர்காலம் இந்த வேலையில் கழிந்த பிறகு, எந்தப் பொருளைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான் மனதில் வருகிறது: இதை வைத்தால் ஈரம் எங்கே போகும்?

இடம் எவ்வளவு நெருக்கடி என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1766-இல் வேலை தொடங்கிய ட்ரெண்ட் அண்ட் மெர்ஸி கால்வாய்க்கு, பொறியாளர் ஜேம்ஸ் பிரிண்ட்லி சுமார் 7 அடி அகலத்தில் லாக்குகளை அமைத்தார். படகை ஒரு நீர்மட்டத்திலிருந்து இன்னொரு நீர்மட்டத்துக்கு ஏற்றி இறக்கும் தொட்டிதான் லாக். அந்த அகலம்தான் இன்றுவரை நேரோபோட்டின் விதி. வெளி அகலம் 6 அடி 10 அங்குலம். மேலே போகப்போகச் சுவர்கள் உள்பக்கம் சாய்ந்திருக்கும். நீளம் எங்கள் படகைப்போல 57 அடி இருக்கலாம், 70 அடியும் இருக்கலாம். அகலத்தில் மட்டும் யாருக்கும் சலுகை கிடையாது. இருபுறமும் ஒவ்வோர் அங்குலம் தடிப்பு கூடினால், நடக்கும்போது தோள் இடிக்கும். ஆகவே, குளிரைத் தடுக்கச் சுவருக்குள் வைக்கும் இன்சுலேஷனில் தடிமனைக் கூட்டிச் சமாளிக்கலாம் என்ற வழி நமக்கு இல்லை.

பழைய படகுகளில் பெரும்பாலும் இருப்பது தெர்மோகோல். இரும்புச் சட்டங்களுக்கு நடுவே ஓர் அங்குலத் துண்டுகளைச் செருகி, மேலே பிளைவுட் அடித்திருப்பார்கள். விலை சல்லிசு, கத்தியால் வெட்டலாம், எடையே இல்லை. நாங்கள் வாங்கிய படகிலும் இதுதான் இருந்தது. தெர்மோகோல் மோசமான பொருள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது இரும்போடு ஒட்டுவதில்லை. ஓரத்தில் ஒரு நூல் அளவு இடைவெளி இருந்தால் போதும், உள்ளேயிருக்கும் சூடான ஈரக்காற்று அதன் வழியே பின்னால் போய், குளிர்ந்த இரும்பைத் தொட்டதும் வியர்த்துவிடும். வழிந்த தண்ணீர் படகின் அடித்தகட்டில் தேங்கி, உள்ளிருந்து துருப்பிடிக்க வைக்கும். வெளிப்பக்கத்துக்கு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை கறுப்புப் பூச்சு அடித்துப் பார்த்துக்கொள்கிறோம். உள்பக்கத் துருவை யாரும் பார்ப்பதில்லை.

தெர்மோகோலுக்கு இன்னொரு குணமும் உண்டு. அதைத் தொட்டபடி பி.வி.சி. உறை போட்ட வயர் போனால், உறையை நெகிழ்வாக வைத்திருக்கும் பொருளைத் தெர்மோகோல் மெல்ல உறிஞ்சிவிடும். சில வருடங்களில் உறை விறைத்து நொறுங்கும். நான் கழற்றிய இடத்தில் ஒரு வயரை லேசாக வளைத்ததும் உறை பிஸ்கட் மாதிரி உடைந்து, உள்ளே செம்பு தெரிந்தது. அந்த வயரில் அப்போதும் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. தெர்மோகோலை அப்படியே விட்டுவைக்க முடிவு செய்பவர்கள், வயர்களையாவது குழாய்க்குள் மாற்றிவிடுங்கள்.

அடுத்தது ஸ்ப்ரே ஃபோம். இரண்டு திரவங்கள் துப்பாக்கி முனையில் கலந்து, இரும்பின் மேல் விழுந்ததும் நுரைத்து இறுகிவிடும். இரும்புக்கும் ஃபோமுக்கும் நடுவே காற்று இல்லை, எனவே வியர்க்க இடமும் இல்லை. அதே தடிமனில் தெர்மோகோலைவிட நன்றாகக் குளிரைத் தடுக்கும். ஈரத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் இதற்கு இணை எதுவும் இல்லை. ஆனால் படகை முழுக்க வெறும் ஓடாக்கினால்தான் இதைச் செய்ய முடியும். ஜன்னல்களை மறைத்து ஒட்ட வேண்டும், துருவைச் சுரண்டிப் பிரைமர் அடிக்க வேண்டும். இரும்பு சில்லிட்டிருக்கும் நாளில் அடித்தால் ஃபோம் சரியாகப் பிடிக்காது, அப்புறம் பாளம் பாளமாகப் பெயரும். இறுகுவதற்கு முன் வரும் ஆவி நுரையீரலுக்கு ஆகாதது. எல்லா வேலையையும் நானே செய்வேன் என்று பிடிவாதமாக இருப்பவர்களும், இந்த ஒரு வேலையை அதற்கான கருவியும் உடையும் உள்ளவர்களிடம் விடுவதே நல்லது. பின்னால் வெளியே வெல்டிங் செய்ய நேர்ந்தால், அந்த இடத்து ஃபோமை முதலில் வெட்டி எடுத்துவிட வேண்டும்; பற்றிக்கொண்டால் வரும் புகை கொடியது.

பி.ஐ.ஆர். அட்டை மூன்றாவது வழி. இருபுறமும் அலுமினியத் தாள் ஒட்டிய மஞ்சள் நுரைப்பலகை. குளிரைத் தடுப்பதில் ஸ்ப்ரே ஃபோமுக்குக் குறைந்ததில்லை. அறை அறையாக, கையில் காசும் நேரமும் இருக்கும்போது செய்யலாம். படகிலேயே குடியிருந்துகொண்டு வேலை பார்ப்பவர்களுக்கு இது பெரிய வசதி. இதன் விலையில் பாதி உங்கள் பொறுமைதான். ஒவ்வொரு துண்டையும் சட்டங்களுக்கு நடுவே இறுக்கமாக வெட்ட வேண்டும், ஓரங்களில் டப்பா ஃபோம் அடிக்க வேண்டும், இணைப்பு எல்லாவற்றிலும் அலுமினிய டேப் ஒட்ட வேண்டும். அந்த டேப்பில் சோம்பல்பட்டால் மறுபடியும் தெர்மோகோல் கதைதான். இரும்புச் சட்டங்களின் முகத்தையும் மறக்கக் கூடாது. எல்லா இடத்தையும் மூடிவிட்டுச் சட்டத்தை மட்டும் வெறுமனே விட்டால், குளிர்காலத்தில் சட்டம் ஓடும் இடமெல்லாம் பலகையில் கறுப்புக் கோடாகத் தெரியும். நான் மெல்லிய ஃபோம் பட்டை ஒட்டி, அதன்மேல் மர ரீப்பர் அடித்தேன்.

செம்மறியாட்டுக் கம்பளிக்கு இப்போது நல்ல பெயர் இருக்கிறது. கையுறை இல்லாமல் பிரித்துச் செருகலாம், அரிப்பு இல்லை, தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை வாங்கிக்கொண்டும் தொட்டால் உலர்ந்தே இருக்கும். மர வீட்டில் இது அருமையான பொருள். வாங்கிய ஈரத்தை அது வெளியே விட்டுவிடும். இரும்புப் படகில் வெளியே விட வழியில்லை, பின்னால் இருப்பது இரும்பு. கம்பளியை ஊடுருவிப் போகும் ஆவி அங்கேதான் தண்ணீராகும். கம்பளியை மனதாரப் பிடித்தவன் நான். இருந்தும் வெளிச்சுவரில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. படுக்கையறைக்கும் இன்ஜினுக்கும் நடுவே உள்ள தடுப்பில் ஒலியை அடக்க வைத்தேன், அங்கே நிம்மதியாக இருக்கிறது.

என் முடிவு இதுதான்: படகு வெறும் ஓடாகக் கையில் கிடைத்தால் ஸ்ப்ரே ஃபோம், உள்ளே குடியிருந்துகொண்டு செய்வதானால் பி.ஐ.ஆர். நாங்கள் இரண்டாவது ரகம்.

இனி சூடு. நேரோபோட்டில் விறகோ புகையில்லா நிலக்கரியோ போடும் இரும்பு அடுப்பும், டீசல் ஹீட்டரும்தான் உண்மையான போட்டியாளர்கள். மோர்ஸோ ஸ்குவிரல் போன்ற சின்ன அடுப்பு ஒன்று, பக்கவாட்டில் அணில் உருவத்தோடு, கால்வாயெங்கும் பார்க்கக் கிடைக்கும். பேட்டரி தீர்ந்தாலும் எரியும், சத்தம் இல்லை, மேலே கெட்டில் வைக்கலாம். நான் அடுப்பின் பக்கம் நிற்பதற்குக் காரணம் வேறு. அது எரியும்போது படகுக்குள்ளிருக்கும் ஈரக்காற்றை இழுத்துப் புகைபோக்கி வழியே வெளியேற்றுகிறது. அந்த இடத்துக்கு வென்டிலேட்டர்கள் வழியே வெளிக்காற்று வருகிறது. படகு மெல்ல மூச்சுவிடுகிறது. குளிர் தாங்காமல் வென்டிலேட்டரில் துணி அடைப்பவர்களைப் பார்க்கிறேன், மனம் பதறுகிறது. ஈரம் ஒருபுறம் இருக்கட்டும், கார்பன் மோனாக்சைடு தேங்கினால் தூக்கத்திலேயே உயிர் போய்விடும். பிரிட்டனில் படகுப் பாதுகாப்பு விதிகளை வகுக்கும் போட் சேஃப்டி ஸ்கீம், தங்கும் இடமுள்ள படகுகளில் கார்பன் மோனாக்சைடு அலாரத்தை 2019 ஏப்ரலில் கட்டாயமாக்கியது. ஒன்று போதாது, அடுப்புப் பக்கம் ஒன்று, படுக்கைப் பக்கம் ஒன்று வையுங்கள்.

அடுப்பின் குறை, சூடு ஒரே முனையில் குவிவது. முன்னறையில் சட்டையைக் கழற்றும் அளவுக்கு வெப்பம் இருக்கும்போது, 30 அடி தள்ளிப் படுக்கையறை ஜன்னலில் பனி பூத்திருக்கும். டீசல் ஹீட்டர் அதைச் சரிசெய்கிறது. வெபாஸ்டோ, எபர்ஸ்பாகர் ரகங்கள் தண்ணீரைச் சூடாக்கி ரேடியேட்டர்களில் ஓட்டும். காலை ஆறு மணிக்கு டைமர் வைக்கலாம். ஆனால் பற்றவைக்கும் நேரத்தில் பேட்டரியிலிருந்து நிறைய மின்சாரம் இழுக்கும், அடிக்கடி கொஞ்ச நேரம் மட்டும் ஓட்டினால் உள்ளே கரி படியும். நின்றுபோனால் கையால் பிரித்துப் பார்க்கிற பொருளும் அல்ல. எங்களுடையது ஒரு பிப்ரவரி இரவில் நின்றுபோனது. அடுப்பு இருந்ததால் அது ஒரு தொல்லையோடு போயிற்று. ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் அடுப்பு. இரண்டுக்கும் இருந்தால் படுக்கையறைக்கு ஒரு ரேடியேட்டரோடு டீசல் ஹீட்டரும்.

சமையல் கேஸ் பற்றி ஒரு கணக்கு மட்டும். ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் சுமார் 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக வெளிவரும். 13 கிலோ சிலிண்டர் ஒன்று தீரும்போது ஏறக்குறைய 21 லிட்டர். நம் சமையலில் சோறும் சாம்பாரும் கொதிக்கிற ஆவி அதற்கு மேல். கேஸ் அடுப்புக்கு நேர் மேலே ஒரு கூரை வென்டிலேட்டரும் மின்விசிறியும் வைத்ததுதான் எங்கள் படகில் மிகக் குறைந்த செலவில் மிக அதிகம் மாற்றிய வேலை. குளிர்காலத்துக்கு பியூட்டேன் வேண்டாம், உறைநிலைக்கு அருகில் அது சிலிண்டரைவிட்டு எழும்பாது. படகையே வீடாக வைத்திருப்பவர்கள் கேஸ் குழாய் வேலையை, படகுகளுக்கான தகுதியோடு கேஸ் சேஃப் (பிரிட்டனில் கேஸ் வேலை செய்பவர்களுக்கான அதிகாரபூர்வப் பட்டியல்) பதிவு பெற்றவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

கழிவறை விஷயத்தில் கால்வாய்க்காரர்கள் கட்சி கட்டி நிற்பார்கள். பம்ப்-அவுட் என்றால் கட்டிலுக்கு அடியில் பெரிய தொட்டி. நிறைந்ததும் படகுத்துறைக்குப் போய்க் காசு கொடுத்து உறிஞ்ச வைக்க வேண்டும். வீட்டுக் கழிவறை மாதிரியே இருக்கும், வாரக்கணக்கில் நினைக்கவே வேண்டாம். கால்வாய் உறைந்து படகு நகர முடியாத வாரத்தில்தான் நினைப்பு வரும். கேசட் என்றால் சுமார் 20 லிட்டர் பெட்டி, இரண்டு பேருக்கு மூன்று நான்கு நாள். தூக்கிக்கொண்டு கழிவைக் கொட்டும் இடமான எல்சான் பாயின்டுக்கு நடக்கலாம், தள்ளுவண்டியில் வைக்கலாம், பனி தடுக்காது. சிறுநீரைப் பிரிக்கும் உலர் கழிவறை தண்ணீரும் கேட்காது, நாற்றமும் குறைவு. ஆனால் கால்வாய்களைப் பராமரிக்கும் கேனல் அண்ட் ரிவர் டிரஸ்ட், 2021 இறுதியோடு உலர் கழிவைத் தன் குப்பைத் தொட்டிகளில் போடக் கூடாது என்று நிறுத்திவிட்டது. மட்கவைக்கக் கரையில் சொந்தமாக இடம் இருப்பவர்களுக்கு அது நல்ல வழிதான். நிரந்தர நிறுத்துமிடம் இல்லாமல் 14 நாளுக்கு ஒருமுறை இடம் மாற வேண்டிய எங்களைப் போன்றவர்களுக்குக் கேசட்டும், கையில் இரண்டு உபரிப் பெட்டிகளும்.

பேட்டரி பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. ஈயப் பேட்டரியில் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும். லித்தியத்தில் பெரும்பகுதியைப் பயன்படுத்தலாம். ஆனால் லித்தியத்தை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது, அது இழுக்கும் வேகத்தில் இன்ஜினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் சூடேறாமல் இருக்க, நடுவே மின்சாரத்தை அளவோடு விடும் ஒரு டிசி-டிசி சார்ஜர் வேண்டும். குளிர்காலத்திலும் குடியிருந்தால் லித்தியம்; கோடையில் மட்டும் வருபவர்களுக்கு ஈயம் போதும்.

கடைசியில்தான் கண்ணுக்குத் தெரியும் வேலை, சுவர்ப்பலகை. தொடங்கும்போது ரசமட்டத்தைப் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள். மிதக்கும் படகில் அது உண்மை சொல்லாது. நான் அலமாரிச் சட்டம் ஒன்றை ரசமட்டம் பார்த்து நிறுத்தினேன், குமிழ் சரியாக நடுவில் நின்றது. மாலையில் அணியத்திலிருக்கும் தண்ணீர்த் தொட்டியை நிரப்பினோம். படகு முன்பக்கம் தாழ்ந்தது, குமிழ் ஓரத்துக்கு ஓடிவிட்டது. அன்றிலிருந்து தரையே எனக்கு மட்டம். தரையில் மூலமட்டம் வைத்து எழுப்பிய கோடுதான் நேர்கோடு.

ஓக் முகம் ஒட்டிய பிளைவுட் வேகமாக முடியும், அறை விசாலமாகத் தெரியும். ஓரத்தில் ஈரம் ஏறினால் கறை போகாது, ஒரு மூலை கெட்டாலும் 8 அடித் தாள் முழுவதையும் எடுக்க வேண்டும். காடி வெட்டிக் கோக்கும் ஒல்லிப் பலகைகள் மூன்று மடங்கு நேரம் தின்னும். ஆனால் அவை பருவத்துக்கு ஏற்ப ஊதிச் சுருங்கும், சாய்ந்த சுவருக்கு வளைந்து கொடுக்கும். நாங்கள் ஜன்னல் மட்டத்துக்கு மேலே பிளைவுட்டும், கீழே ஒல்லிப் பலகையும் வைத்தோம். ஜன்னலுக்கு அடியில் வரும் பலகைகளுக்கு மட்டும் பசை போடவில்லை, காடியின் பின் உதட்டைச் சீவிவிட்டுப் பித்தளைத் திருகாணியால் மாட்டினேன். ஒவ்வோர் அக்டோபரிலும் நான்கு திருகாணியைக் கழற்றி, உள்ளே கைவிட்டு இரும்பைத் தடவிப் பார்த்துவிட்டு மறுபடி மாட்டுகிறேன்.