ஜம்போ ராக்ஸில் மூன்று இரவுகள்: இரண்டு லித்தியம் பேட்டரிகளும் ஒரு மிக்ஸியும்

கலிபோர்னியாவின் ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவில் உள்ள ஜம்போ ராக்ஸ் முகாம் திடலில் 124 இடங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றில்கூட மின் இணைப்புக் கிடையாது. தண்ணீர்க் குழாயும் கிடையாது. ஜெனரேட்டர் ஓட்டலாம், ஆனால் காலை 7 முதல் 9 வரை, பகல் 12 முதல் 2 வரை, மாலை 5 முதல் 7 வரை மட்டுமே. விடியற்காலை ஆறு மணிக்கே சட்னி அரைத்துவிட்டுப் பாறை ஏறக் கிளம்ப நினைப்பவர்களுக்கு அந்த நேரக்கணக்கு பயன்படாது. அந்த இடத்தின் அமைதியில் இயந்திரச் சத்தத்தைக் கலக்க எங்களுக்கு மனமும் இல்லை. ஆகவே காரின் பின்னால் இழுத்துச் சென்று தங்கும் எங்கள் 17 அடி ட்ரெய்லரில் இருந்த பழைய பேட்டரியைக் கழற்றிவிட்டு, பேட்டரியை மட்டுமே நம்பி வாழும்படி ஓர் அமைப்பைப் பொருத்தினோம். கடந்த டிசம்பரில் வியாழன் மாலை முதல் ஞாயிறு காலை வரை அது எப்படி உழைத்தது என்பதை, இதே செலவைச் செய்யலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

நாங்கள் வாங்கியவை மூன்று. முதலாவது, நெவாடா மாநிலத்தின் ரீனோ நகரில் இயங்கும் பேட்டில் பார்ன் நிறுவனத்தின் 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிகள் இரண்டு. இரண்டாவது, பேட்டரி மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றித் தரும் 2000 வாட் இன்வெர்ட்டர். மூன்றாவது, பேட்டரிக்குள் போகும் மின்சாரத்தையும் வெளியேறும் மின்சாரத்தையும் அளந்து கைபேசியில் காட்டும் விக்ட்ரான் ஸ்மார்ட்ஷன்ட். இவற்றோடு, தரையில் சாய்த்து வைக்கும் 200 வாட் சோலார் தகடு ஒன்று ஏற்கெனவே எங்களிடம் இருந்தது.

ட்ரெய்லரோடு வந்த ஈய-அமில பேட்டரியில் 75 ஆம்பியர்-மணி என்று அச்சிட்டிருந்தாலும், அதில் பாதிக்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் விரைவில் கரைந்துவிடும் என்பதால், உண்மையில் கையில் இருந்தது 450 வாட்-மணி அளவுதான் (ஆம்பியர்-மணியை 12 வோல்ட்டால் பெருக்கினால் வாட்-மணி). அதையும் ஒரேயடியாக எடுக்க முடியாது. கனமான சுமை ஏறியவுடன் வோல்ட் சரிந்து, பேட்டரியில் சரக்கு இருக்கும்போதே இன்வெர்ட்டர் கூவிவிட்டு நின்றுவிடும். புதிய பேட்டரி ஒவ்வொன்றும் 1280 வாட்-மணி கொள்ளும், அதை ஏறக்குறைய முழுவதும் எடுத்துப் பயன்படுத்தலாம். எடையும் 14 கிலோதான். ஆவி வெளியேற்றாத வகை என்பதால், ட்ரெய்லரின் முன்மூக்கில் வெயிலிலும் பனியிலும் கிடக்காமல் கட்டிலுக்கு அடியிலேயே வைக்க முடிந்தது. இந்த இடமாற்றம் வசதிக்காக மட்டும் செய்யப்பட்டதன்று. உறைநிலைக்குக் கீழே குளிர்ந்த லித்தியம் செல்லில் மின்னேற்றினால் அது நிரந்தரமாகப் பழுதாகும். அதனால் பேட்டரிக்குள் இருக்கும் காப்புச் சுற்று, குளிர் அதிகமானால் மின்னேற்றத்தைத் தடுத்துவிடுகிறது. கடல் மட்டத்திலிருந்து 4000 அடிக்கு மேல் இருக்கும் ஜம்போ ராக்ஸில் டிசம்பர் இரவு உறைநிலையைத் தொடும். பேட்டரி வெளியே இருந்திருந்தால், காலை வெயில் தகட்டின் மேல் விழுந்தும் வீணாகியிருக்கும்.

இனி மிக்ஸிக்கு வருகிறேன். எங்களுடையது அமெரிக்க மின்சாரத்துக்கென்றே 110 வோல்ட்டில் செய்த 550 வாட் இந்திய மிக்ஸி. முன்பு ஒரு மலிவான இன்வெர்ட்டரில் இதை ஓட்டிப் பார்த்தபோது, மோட்டார் ஒரு மாதிரி முனகி, இரண்டு நிமிடத்தில் அடிப்பாகம் சூடேறி, வாசனையும் வந்தது. அந்த இன்வெர்ட்டர் வீட்டு மின்சாரத்தைப் போல வழவழப்பான அலையைத் தராமல், படிக்கட்டு போன்ற அலையைத் தரும் வகை. மோட்டார்களுக்கு அது ஒத்துவராது. இந்த முறை வாங்கியது தூய சைன் அலை இன்வெர்ட்டர். வெள்ளிக்கிழமை விடியலில் தேங்காய், பொட்டுக்கடலை, பச்சைமிளகாய் போட்டு மூடியை அழுத்திப் பிடித்துக் குமிழைத் திருப்பினேன். வீட்டில் கேட்கும் அதே சத்தம்தான் கேட்டது. பக்கத்தில் வைத்திருந்த கைபேசித் திரையில் ஒரு கணம் எண் தாவி ஏறிப் பிறகு 47 ஆம்பியரில் நிலைத்தது. மூன்று நிமிடம் அரைத்தும் பேட்டரியின் இருப்பு ஒரு சதவீதத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் குறைந்தது. மோட்டார் சாதனங்களுக்குப் பேட்டரி மிக நன்றாக ஒத்துழைக்கிறது என்று தயங்காமல் சொல்வேன்.

சூடாக்கும் சாதனங்களின் கதை வேறு. 1500 வாட் கெட்டிலைப் போட்டபோது திரை 130 ஆம்பியரைத் தொட்டது. இந்தப் பேட்டரி ஒன்று தொடர்ந்து தரக்கூடியது 100 ஆம்பியர்தான். இரண்டை இணையாக இணைத்திருந்ததால்தான் கெட்டில் ஓடியது. ஒன்று மட்டும் வாங்கினால் போதும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க 120 வாட்-மணி, இரண்டு ஆழாக்கு அரிசிக்கு ரைஸ் குக்கர் 180 வாட்-மணி என்று, இரண்டும் சேர்ந்து ஒரு வேளையிலேயே இருப்பில் எட்டில் ஒரு பங்கைத் தின்றுவிட்டன. அருகிலேயே புரோப்பேன் அடுப்பு இருக்கும்போது இது தேவையற்ற செலவு என்று முதல் நாளே முடிவெடுத்து, காபிக்கும் சோற்றுக்கும் அடுப்புக்கே திரும்பிவிட்டோம்.

அந்த 130 ஆம்பியர் இன்னொன்றையும் காட்டிக்கொடுத்தது. ஒத்திகைக்காக வீட்டு வாசலிலேயே கெட்டிலை ஓட்டியபோது, இன்வெர்ட்டரின் நேர்முனைக்குப் போகும் கேபிளின் நுனியில் பொருத்தும் தாமிர லக்கைத் தொட்டுப் பார்த்தேன். விரலை வைத்திருக்க முடியவில்லை. நானே வீட்டில் நசுக்கிப் பொருத்திய லக் அது. கம்பி இழைகளைச் சரியாகக் கவ்வாமல் இருந்திருக்கிறது. 12 வோல்ட்டில் மின்னோட்டம் பெரிதென்பதால், இணைப்பில் இருக்கும் மிகச் சிறிய தடையும் சூடாக மாறிவிடும். ஹைட்ராலிக் கருவியால் நசுக்கிய லக்குகளோடு, கட்டைவிரல் தடிமனுள்ள கேபிளை மூன்றடி நீளத்துக்குள் வாங்கி மாற்றி, பேட்டரிக்கு அருகிலேயே 250 ஆம்பியர் ஃபியூஸும் வைத்த பிறகுதான் குழந்தைகளை அந்தக் கட்டிலில் படுக்கவிட்டேன். பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டுக் கேபிளில் மிச்சம் பிடிப்பது தீயை விலைகொடுத்து வாங்குவதற்குச் சமம்.

நாங்கள் எதிர்பாராத அளவு மின்சாரத்தை எடுத்தது ட்ரெய்லரின் ஹீட்டர். அது எரிப்பது புரோப்பேன்தான் என்பதால், பலர் அதை மின்கணக்கில் சேர்ப்பதே இல்லை. ஆனால் சூட்டை உள்ளே தள்ளும் விசிறி பேட்டரியில் ஓடுகிறது, 7 ஆம்பியர் வீதம். பத்து மணி நேர இரவில் பாதி நேரம் ஓடினாலே 35 ஆம்பியர்-மணி போய்விடும். வெள்ளி இரவு ஒன்பது மணிக்கு 81 சதவீதம் காட்டிய ஷன்ட், மறுநாள் காலை 58 காட்டியது. மிக்ஸி, விளக்கு, தண்ணீர் மோட்டார், நான்கு கைபேசிகள் எல்லாவற்றையும் பகல் முழுக்கப் பயன்படுத்தினாலும் அவ்வளவு ஆகவில்லை. ஹீட்டரும் 12 வோல்ட் குளிர்பெட்டியும் சேர்ந்து தூங்கும் நேரத்தில் எடுத்தது அது. பழைய பேட்டரியோடு போன பயணத்தில் அதிகாலை மூன்று மணிக்கு விசிறி சோர்ந்து நின்று, நாங்கள் குளிரில் விழித்துக்கொண்டதற்குக் காரணம் இப்போதுதான் எண்களாகப் புரிந்தது. சனி இரவு வெப்பநிலையை இரண்டு பாகை குறைத்து வைத்துக் கூடுதலாக ஒரு ரஜாய் போர்த்திக்கொண்டோம்; 17 சதவீதம்தான் செலவானது.

இதனால்தான் மூன்றில் எதை முதலில் வாங்குவது என்று கேட்டால் ஷன்ட்டைச் சொல்வேன். ஈய-அமில பேட்டரியின் இருப்பை வோல்ட்டை வைத்து ஓரளவு ஊகிக்கலாம், 12.6 என்றால் நிறைவு, 12.1 என்றால் பாதி. லித்தியம் பேட்டரியோ பெரும்பாலான நேரம் 13 வோல்ட்டுக்கு அருகிலேயே நின்றுவிட்டு, கடைசியில் மடமடவென்று சரியும். ட்ரெய்லர் சுவரில் நான்கு விளக்குகளோடு இருக்கும் பழைய அளவி, கால்வாசிகூட இல்லாதபோதும் ‘நிறைவு’ என்றே காட்டிக்கொண்டிருக்கும். இன்வெர்ட்டர் சும்மா இருக்கும்போதே 20 வாட் எடுக்கிறது என்பதையும் ஷன்ட்தான் சொன்னது. அணைக்க மறந்தால் ஒரு நாளைக்கு 480 வாட்-மணி, அதாவது எங்கள் குளிர்பெட்டி ஒரு நாள் முழுக்க எடுப்பதைவிட அதிகம். அதன்பின், வேலை முடிந்தவுடன் அணைப்பதற்கென்று கதவருகே ஒரு சுவிட்ச் வைத்துவிட்டேன்.

குறைகளையும் சொல்ல வேண்டும். இன்வெர்ட்டரின் விசிறி கெட்டில் ஓடும்போது இரைகிறது. கட்டிலுக்கு அடியில் வைத்திருப்பதால் தூங்குபவர் எழுந்துவிடுவார். ட்ரெய்லரோடு வந்த சார்ஜர் 13.6 வோல்ட்டோடு நின்றுவிடுவதால் லித்தியம் பேட்டரி கடைசிவரை நிறைவதில்லை, 14.4 வோல்ட் தரும் சார்ஜரைத் தனியாக வாங்கி மாற்ற வேண்டியிருந்தது. பேட்டரி விலையோடு கூடுதலாக வரும் இந்தச் செலவைக் கடைக்காரர்கள் முன்கூட்டிச் சொல்வதில்லை. காரிலிருந்து வரும் இணைப்பு நான்கு மணி நேரப் பயணத்திலும் சொற்பமே ஏற்றியது. டிசம்பர் வெயிலில், தகட்டை மூன்று முறை திருப்பி வைத்தும் ஒரு நாளைக்கு 800 வாட்-மணிக்கு மேல் கிடைக்கவில்லை.

ஞாயிறு காலை கடைசியாக ஒருமுறை மிக்ஸியில் சட்னி அரைத்துவிட்டுப் பார்த்தபோது 26 சதவீதம் மிச்சமிருந்தது. மேகம் மூடியிருந்தால் மூன்றாம் இரவு சிரமமாகியிருக்கும். ஆகவே அடுத்த பயணத்துக்கு மூன்றாவது பேட்டரி வாங்காமல், இன்னொரு 200 வாட் தகடு வாங்க முடிவு செய்திருக்கிறோம்.