லைட்-ஆன் ஐஎச்ஏஎஸ்124: வேகத்துக்காக அல்ல, பிழை எண்ணுவதற்காக வாங்க வேண்டிய டிவிடி ரைட்டர்

பெட்டியின் மேல் 24எக்ஸ் என்று பெரிதாக அச்சிட்டிருக்கும். இந்த டிரைவை எடைபோட அந்த எண் கொஞ்சமும் உதவாது. கேபினெட்டின் 5.25 அங்குல இடத்தில் உட்காரும், சாட்டா இணைப்புள்ள சாதாரண ரைட்டர் இது. ஒருமுறை எழுதக்கூடிய டிவிடியின் இரண்டு வகைகளான பிளஸ் ஆர், மைனஸ் ஆர் இரண்டையும் 24எக்ஸ் வரை எழுதும். இரட்டை அடுக்குத் தகடு என்றால் 8எக்ஸ், சிடி-ஆர் என்றால் 48எக்ஸ். ஏறத்தாழ இதே கணக்கைத்தான் அந்தக் காலத்து எல்ஜியும் சாம்சங்கும் சொன்னார்கள். வேறுபாடு எழுதி முடித்த பிறகு தெரியும். தான் எழுதிய தகட்டில் எந்த இடத்தில் எத்தனை பிழை என்று இந்த டிரைவ் எண்ணிக் கொடுக்கும். சந்தையில் அதிகம் விற்ற எல்ஜி டிரைவ்கள் பெரும்பாலும் டிவிடிக்கு அந்தக் கணக்கை வெளியே விடுவதில்லை.

முதலில் வேகத்தைப் பார்த்துவிடலாம். டிவிடியில் 1எக்ஸ் என்பது நொடிக்கு 1.385 எம்பி. ஆகவே 24எக்ஸ் என்றால் 33 எம்பிக்குச் சற்று மேல். ஆனால் அந்த வேகம் தகடு முழுக்கக் கிடைக்காது. தகடு ஒரே சீராகச் சுழலும்போது உள் வட்டத்தில் குறைவாகவும் வெளி விளிம்பில் அதிகமாகவும் தகவல் நகரும். தகவல் தொடங்கும் இடம் மையத்திலிருந்து 24 மி.மீ., முடியும் இடம் 58 மி.மீ. அதனால் 16எக்ஸில் முடியும் எழுத்து 6.6எக்ஸில்தான் தொடங்கும், சராசரி 11.3எக்ஸ். 24எக்ஸில் முடிவது 10எக்ஸ் அருகே தொடங்கும், சராசரி 17எக்ஸ். 4.7 ஜிபி தகட்டை நிரப்ப முதலாவதற்கு 5 நிமிடம், இரண்டாவதற்கு 3 நிமிடம் 20 நொடி. 12எக்ஸில் எழுதினால் 6 நிமிடம் 40 நொடி. தகட்டின் தொடக்கத்தையும் முடிவையும் குறிக்கும் லீட்-இன், லீட்-அவுட் பகுதிகளை எழுதுவதற்கு எல்லாவற்றோடும் அரை நிமிடமோ கொஞ்சம் கூடவோ சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆக, 12எக்ஸுக்கும் 24எக்ஸுக்கும் இடையில் மிச்சமாவது மூன்று நிமிடச் சொச்சம். அதற்குக் கொடுக்கும் விலை என்ன? வெளி விளிம்பில் 24எக்ஸ் வேண்டுமானால் தகடு நிமிடத்துக்கு 13,000 சுற்றுக்கு மேல் சுழல வேண்டும். தகட்டின் மேல் காகித லேபிள் ஒட்டி எடை ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தால் கேபினெட்டே அதிரும். அதைவிட முக்கியம், டிவிடி-ஆர் தகடுகளுக்கான தரநிலையே 16எக்ஸோடு நின்றுவிட்டது. 24எக்ஸ் தகடு என்று எதுவும் கிடையாது. குறிப்பிட்ட சில 16எக்ஸ் தகடுகளை அடையாளம் கண்டு, ‘இது தாங்கும்’ என்று டிரைவே தன் பொறுப்பில் வேகத்தைத் தாண்டுகிறது. அந்தப் பட்டியலில் இல்லாத தகட்டைப் போட்டால் 24எக்ஸ் என்ற தேர்வே காட்டாது. அப்படிக் காட்டாதது டிரைவின் கோளாறு அல்ல.

தகட்டை டிரைவ் அடையாளம் காண்பது உறையில் உள்ள பிராண்டை வைத்தல்ல. தகட்டிலேயே பதிந்திருக்கும் தயாரிப்பாளர் குறியீட்டை வைத்து. தகடு எழுதும் இலவச நிரலான இம்க்பர்னில் தகட்டைப் போட்டதும் வலது பக்கம் அது தெரியும். எம்சிசி 03ஆர்ஜி20 என்றால் வெர்பாட்டிமின் 16எக்ஸ் மைனஸ் ஆர். எம்சிசி 004 என்றால் அதன் பிளஸ் ஆர். டிஒய்ஜி03 என்றால் ஜப்பானின் தையோ யூடன். எம்பிஐ என்று தொடங்கினால் நம் மோசர் பேயர், தமிழ்ப் படங்களை மலிவு விலை டிவிடியாக விற்ற அதே நிறுவனம். வெர்பாட்டிம் பெயரில் எம்சிசி குறியீட்டோடு வந்த தகடுகளில் ஒரு பகுதியும் மோசர் பேயரின் இந்திய ஆலையில் தயாரானவைதான். ஆகவே குறியீடு ஒன்றாக இருப்பதால் தகடும் ஒன்றே என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தையோ யூடன் 2015-ஓடு இந்தத் தொழிலை விட்டது. மோசர் பேயர் 2018-இல் கலைப்புக்குப் போனது. வெர்பாட்டிமை 2019-இல் தைவானின் சிஎம்சி வாங்கிக்கொண்டது. இன்று கடையில் வாங்கும் தகட்டுக்குப் பத்து வருடத்துக்கு முந்தைய சோதனை முடிவு செல்லாது. கையிலிருக்கும் கட்டிலிருந்து ஒன்றை எடுத்து எழுதிப் பார்ப்பதே வழி.

சோதிக்கும் முன் செய்ய வேண்டியவை சில. டிரைவின் ஃபர்ம்வேர், அதாவது அதற்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருள், கடைசிப் பதிப்பா என்று பாருங்கள். எந்தக் குறியீட்டுக்கு லேசரை எப்படித் துடிக்கவிட வேண்டும் என்ற அட்டவணை அதற்குள்தான் இருக்கிறது. குறியீடு அட்டவணையில் இல்லையென்றால் டிரைவ் பொதுவான ஒரு முறையில், பெரும்பாலும் குறைந்த வேகத்தில் எழுதும். அடுத்து, டிரைவை மதர்போர்டின் சாட்டா போர்ட்டில் நேராகச் செருகுங்கள். யுஎஸ்பி 2.0 அடாப்டர் வழியாக நடைமுறையில் 24எக்ஸுக்கு வேண்டிய 33 எம்பி வந்து சேராது. பல அடாப்டர்கள் பிழை எண்ணும் கட்டளையை டிரைவுக்குக் கடத்துவதும் இல்லை. அடாப்டர்தான் ஒரே வழி என்றால், 12 வோல்ட் தனி மின்சாரம் கொடுக்கும் வகையைத் தேடுங்கள், 5.25 அங்குல டிரைவின் மோட்டார் யுஎஸ்பியின் 5 வோல்ட்டில் ஓடாது.

எழுதும் வேகத்தைச் சோதிக்க நீரோ டிஸ்க்ஸ்பீடில் ‘டேட்டா டிஸ்க்’ உருவாக்கும் பகுதி போதும். நிரலே தகவலை உருவாக்கி அனுப்புவதால் ஹார்டு டிஸ்க்கின் மந்தம் கணக்கில் சேராது. பச்சைக் கோடு வேகம், மஞ்சள் கோடு சுழற்சி. தகட்டை வீணாக்காமல் பார்க்க வேண்டுமானால் மைனஸ் ஆர் தகட்டைப் போட்டு ‘சிமுலேட்’ தேர்வை வையுங்கள். லேசர் எழுதாமல் ஓட்டம் மட்டும் நடக்கும். பிளஸ் ஆர் தகட்டில் இந்த வசதி கிடையாது. டிரைவின் குறையல்ல, அந்த வகைத் தகட்டின் அமைப்பே அப்படி.

கோடு வழவழவென்று ஏறினால் நல்லது. நடுவில் செங்குத்தாக விழுந்து மீண்டும் எழுந்தால் இரண்டு காரணம் இருக்கலாம். எழுத வேண்டிய தகவல் காத்திருக்கும் இடமான பஃபரின் அளவும் கூடவே சரிந்திருந்தால் கம்ப்யூட்டர் தகவல் தரவில்லை; ஆன்டிவைரஸையோ பின்னணியில் ஓடும் காப்பியையோ நிறுத்துங்கள். பஃபர் நிறைந்திருந்தும் கோடு விழுந்தால் டிரைவ் தானே நின்று லேசர் திறனை மறுபடி சரிபார்க்கிறது என்று பொருள். இது அதிகம் நடந்தால் தகடு அந்த வேகத்துக்கு ஒத்துவரவில்லை. நின்று தொடர்ந்த இடங்களைக் குறித்து வையுங்கள். பிழை வரைபடத்தில் அதே இடத்தில் முள் எழுகிறதா என்று பிறகு பார்க்க வேண்டும்.

அடுத்தது தரம். எழுதி முடித்ததும், தகட்டைத் திரும்பப் படித்து ஒப்பிடும் ‘வெரிஃபை’ ஓட்டி, சரி என்று வந்தால் வேலை முடிந்தது என்று பலர் எழுந்துவிடுகிறார்கள். மாணவன் தேறிவிட்டான் என்று மட்டும் வெரிஃபை சொல்லும். 36 மார்க்கா 96 மார்க்கா என்று சொல்லாது. அதைச் சொல்வது பிழைக் கணக்கு.

டிவிடியில் ஒவ்வொரு 32 கேபி தொகுதியும் 208 வரிசைகளாக அடுக்கப்பட்டிருக்கிறது. வரிசைக்கு 182 பைட்; அதில் 10 பைட் பிழை திருத்தத்துக்கானது. கெட்ட பைட் ஒன்றாவது உள்ள வரிசைகளின் எண்ணிக்கை பிஐஇ. ஒரு வரிசையில் ஐந்து பைட் வரை கெட்டாலும் அது தானே சரிசெய்துகொள்ளும். ஐந்தைத் தாண்டித் திருத்த முடியாமல் போன வரிசைகளின் எண்ணிக்கை பிஐஎஃப். அதையும் நெடுக்குவாக்கில் இருக்கும் இரண்டாவது திருத்தம் காப்பாற்றிவிடும். அதுவும் தோற்றால் பிஓஎஃப். அந்த இடத்துத் தகவல் போய்விட்டது. எட்டுத் தொகுதிகளைக் கூட்டினால் பிஐஇ 280-ஐத் தாண்டக் கூடாது. ஒரு தொகுதியில் பிஐஎஃப் 4-ஐத் தாண்டக் கூடாது. பிஓஎஃப் பூஜ்யமாகத்தான் இருக்க வேண்டும். 280 என்பது வாசல்படி, இலக்கல்ல. புதிதாக எழுதிய தகடே 200-ஐத் தொட்டால், வெயிலும் ஈரமும் சேரச் சேர அது வாசலைத் தாண்டுவது திண்ணம். நல்ல தகட்டை நிதான வேகத்தில் எழுதினால் பிஐஇ பெரும்பாலும் இரண்டு இலக்கத்துக்குள் நிற்கும்.

லைட்-ஆன் டிரைவில் இதை 4எக்ஸில் ஓட்டுவதே நெடுநாள் வழக்கம். நிறைந்த தகட்டுக்குப் பதினான்கு நிமிடம் ஆகும். அவசரமென்றால் 8எக்ஸ். எந்த வேகம் என்பதைவிட, எப்போதும் ஒரே வேகம் என்பது முக்கியம். 4எக்ஸ் வரைபடத்தையும் 8எக்ஸ் வரைபடத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது வீண். வேறு டிரைவில் வந்த எண்ணோடு ஒப்பிடுவதும் அப்படியே, ஏனென்றால் ஒவ்வொரு டிரைவும் தன் கண்ணுக்குத் தெரிந்ததைத்தான் எண்ணுகிறது. இரண்டு தகடுகளில் எது மேல் என்று சொல்ல இந்த எண் தகுதியானது. ஆய்வகச் சான்றிதழாக எடுத்துக்கொண்டால் ஏமாற்றம்தான். விண்டோஸில் டிஸ்க்ஸ்பீடு, ஆப்டி டிரைவ் கன்ட்ரோல், கேப்ரோப் மூன்றும் இதற்கு உதவும்; லினக்ஸில் க்யூபிஎக்ஸ்டூல்.

டிஸ்க்ஸ்பீடு கடைசியில் நூற்றுக்கு இத்தனை என்று ஒரு மதிப்பெண் தரும். அதை மறந்துவிடுங்கள். தகடு முழுவதிலும் வந்த மிக உயர்ந்த பிஐஎஃப் எண்ணை வைத்து அது போடப்படுகிறது. ஒரே ஒரு தூசி மதிப்பெண்ணை வீழ்த்திவிடும். தகடு நெடுகச் சுமாராக எழுதப்பட்டிருந்தால் கண்டுகொள்ளாது. வரைபடத்தின் வடிவத்தைப் படிக்கப் பழகுங்கள். ஓரிடத்தில் தனியாக ஒரு முள் என்றால் தூசியோ கைரேகையோ. மென்மையான துணியால் மையத்திலிருந்து விளிம்பு நோக்கித் துடைத்து மறுபடி ஓட்டுங்கள், போய்விட்டால் சரி. முள் இடம் மாறினால் குற்றம் தகட்டில் இல்லை. கடைசி ஒரு ஜிபியில் மட்டும் மலை போல ஏறினால் எழுதிய வேகம் அதிகம், அல்லது தகட்டின் விளிம்பில், லேசர் எழுதும் சாயப் பூச்சு சீராக இல்லை. அடுத்த தகட்டை 4எக்ஸ் குறைத்து எழுதிப் பாருங்கள். தொடக்கத்திலிருந்தே உயரமாக இருந்தால் வேகத்தைக் குறைத்துப் பெரிதாகப் பயன் இல்லை. லேசர் திறனுக்கும் அந்தச் சாயத்துக்கும் பொருந்தவில்லை. தகட்டை மாற்றுவதே தீர்வு.

மெதுவாக எழுதினால் எப்போதும் நல்லது என்பது இன்னும் சாகாத நம்பிக்கை. 16எக்ஸுக்கென்று செய்த சாயத்தை 4எக்ஸில் எழுதினால் லேசர் ஒரே இடத்தில் அதிக நேரம் தங்குகிறது; குழியின் விளிம்பு மங்கி, பிழை கூடுவதும் உண்டு. இந்த டிரைவுக்கு 16எக்ஸ் டிவிடியில் 8 முதல் 12எக்ஸ் வரை பாதுகாப்பான இடம். சிடி-ஆர் என்றால் 16 முதல் 24எக்ஸ். அங்கே எண்ண வேண்டியது சி1 (முதல் கட்டத் திருத்தத்தில் தெரியும் பிழை), சி2 (அதைத் தாண்டி இரண்டாம் கட்டத்துக்கு வரும் பிழை). சி1 நொடிக்கு 220-ஐத் தாண்டக் கூடாது, சி2 ஒன்றுகூட வரக் கூடாது. இரட்டை அடுக்குத் தகட்டில் 8எக்ஸ் ஆசையை விட்டுவிட்டு 4எக்ஸில் எழுதுங்கள். முதல் அடுக்கு வெளி விளிம்பில் முடிந்து இரண்டாவது அங்கேயே தொடங்குவதால், வரைபடத்தின் நடுவில் ஒரு மேடு வருவது இயல்பு. அந்த மேடு வரம்புக்குள் இருக்கிறதா என்பதே கேள்வி.

லைட்-ஆனுக்கே உரிய வசதி ஒன்று உண்டு. ஹைப்பர் டியூனிங் என்பது, ஒரு குறியீட்டுத் தகட்டை எழுதும்போது கிடைத்த அனுபவத்தை டிரைவ் நினைவில் வைத்து அடுத்த முறை திருத்திக்கொள்வது. இம்க்பர்னில் லைட்-ஆனுக்கான மேம்பட்ட அமைப்புகளில் இதை இயக்கலாம். இயக்கியிருந்தால் முதல் தகட்டை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். அதே கட்டிலிருந்து மூன்றாவது தகட்டை எண்ணிப் பாருங்கள். வேறு ஆலையிலிருந்து வந்த, அதே குறியீடுள்ள புதுக் கட்டைப் பிரித்தால் பழைய அனுபவமே கேடாகலாம். டிரைவ் சேர்த்துவைத்த லேசர் திறன் கணக்கான ஓபிசி வரலாற்றை அழித்துவிட்டுத் தொடங்குங்கள். அதே இடத்தில், பிளஸ் ஆர் தகட்டை டிவிடி-ரோம், அதாவது ஆலையில் அச்சடித்த தகடு, என்று பதியவைக்கும் தேர்வும் இருக்கிறது. பிளஸ் ஆரைக் கண்டால் முரண்டு பிடிக்கும் பழைய வீட்டு பிளேயர்கள் இதற்குப் பணிந்துவிடும். இம்க்பர்னின் கடைசிப் பதிப்பு 2013-இல் வந்த 2.5.8.0. அதன் நிறுவியோடு விளம்பர மென்பொருளும் ஒட்டி வந்தது. ஒவ்வொரு திரையையும் படித்துத் தேவையில்லாததை எடுத்துவிட்டு நிறுவுங்கள்.

இந்த டிரைவ் இனி பெரும்பாலும் பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றியதாகத்தான் கைக்கு வரும். மாடல் எண்ணுக்குப் பின்னால் ஏ, பி, சி என்று ஓர் எழுத்து இருக்கும். அது மாறினால் உள்ளே இருக்கும் பாகங்களும் மாறும். பி வகைக்கு ஒரு காலத்தில் தனி கிராக்கி இருந்தது, எக்ஸ்பாக்ஸ் 360 விளையாட்டுகளை நகலெடுப்பவர்கள் தேடி வாங்கியதால். நமக்கு அது தேவையில்லை. பிழை எண்ணும் கட்டளைக்கு டிரைவ் பதில் சொல்கிறதா என்பது போதும். கடைக்குப் போகும்போது நன்றாக எழுதப்பட்ட, ஏற்கெனவே எண்ணிப் பார்த்த டிவிடி ஒன்றைக் கையில் கொண்டுபோங்கள். டிரேயைப் பத்து முறை திறந்து மூடுங்கள். பாதியில் நின்றால் உள்ளே ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கிறது, அதை மாற்றிக்கொள்ளலாம். பிறகு அந்தத் தகட்டை எண்ண விடுங்கள். வீட்டில் வந்ததைப் போலப் பல மடங்கு பிழை காட்டினால் லென்ஸில் தூசி, இல்லையென்றால் லேசர் களைத்துவிட்டது. லென்ஸைத் துடைத்த பிறகும் எண் இறங்கவில்லை என்றால் அந்த டிரைவை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.