கம்ப்டன் கதையும் கொடைப் பாட்டும்: 'குட் கிட், மேட் சிட்டி' கிளாசிக்தானா?

பாளையங்கோட்டையில் எங்கள் செட்டில் ராப் கேட்கிறவர்கள் நாலைந்து பேர்தான். அந்த நாலைந்து பேருக்குள் வருடக்கணக்காகத் தீராத ஒரு வழக்கு உண்டு. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்துக் கம்ப்டன் ஊரில் வளர்ந்த ராப்பர் கென்ட்ரிக் லமாரின் 'குட் கிட், மேட் சிட்டி' கிளாசிக்கா, அல்லது ரொம்ப நல்ல ஆல்பம் என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதா? நான் கிளாசிக் கட்சி. 2012 அக்டோபர் 22இல் வந்த ஆல்பம் இது. கல்லூரி நாட்களில் மெமரி கார்டில் ஏற்றிக் கேட்டேன். இப்போது வேலைக்குப் போகும் வள்ளியூர் பஸ்ஸில் போன் ஆப்பில் கேட்கிறேன். இத்தனை காலம் கூடவே வைத்திருந்ததில் எது நின்றது, எது தேய்ந்தது என்று எழுதிவிடத் தோன்றியது.

எங்களில் ஒருவன் நாஸ் என்ற ராப்பருக்குத் தீவிர ரசிகன். அவனுக்குக் கிளாசிக் என்றால் 1994 ஏப்ரலில் வந்த 'இல்மாட்டிக்'தான். நியூயார்க்கின் குவீன்ஸ்பிரிட்ஜ் குடியிருப்பில் வளர்ந்த இருபது வயதுப் பையன் பாடியது. டிஜே பிரீமியர், பீட் ராக், கியூ-டிப், லார்ஜ் புரொபசர் என்று தேர்ந்த கைகள் பீட் போட்டுக் கொடுத்தார்கள். 'தி சோர்ஸ்' ராப் பத்திரிகை அப்போதே தன் உச்ச மதிப்பீடான ஐந்து மைக் கொடுத்தது. அவன் வாதம் இதுதான்: "ஏல, பத்துப் பாட்டு, நாப்பது நிமிஷத்துக்குள்ள முடிச்சிட்டான். தள்ளிவிட ஒரு பாட்டு உண்டா அதுல? ஒன் ஆளு ஒரு மணி நேரத்துக்கு மேல இழுக்கான். நடுநடுவுல அவங்க அம்மா போன்ல பேசுதத எல்லாம் கேக்கணும்."

அவன் சொல்வதில் பாதி சரி. இறுக்கத்தில் 'இல்மாட்டிக்'கோடு போட்டி போட இந்த ஆல்பத்தால் முடியாது. ஆனால் அவன் குறை என்று சொல்கிற அந்த அம்மா குரல்தான் என்னைப் பொறுத்தவரை இந்த ஆல்பத்தைத் தாங்கி நிற்கிறது.

உறையிலேயே 'கென்ட்ரிக் லமாரின் ஒரு குறும்படம்' என்று போட்டிருப்பார்கள். கதை சிறியதுதான். பதினேழு வயதுப் பையன் அம்மாவின் வேனை எடுத்துக்கொண்டு ஷெரேன் என்ற பெண்ணைப் பார்க்கப் போகிறான். அங்கே இரண்டு பேர் காத்திருக்கிறார்கள். கூட்டாளிகளோடு ஊர் சுற்றல், ஒரு வீட்டில் திருட்டு, அடி, குடி என்று போகிறது. பழிவாங்கப் போன இடத்தில் கூட்டாளிகளில் ஒருவன் சுடப்பட்டுச் சாகிறான். மறுபடியும் துப்பாக்கியோடு கிளம்பத் துடிக்கிறவர்களை வழியில் ஒரு வயதான அம்மா நிறுத்தி ஜெபம் செய்ய வைக்கிறார். அந்தக் குரல் கவிஞர் மாயா ஏஞ்சலோவுடையது. ஆல்பத்தைத் தொடங்கி வைத்ததும் அதே ஜெபம்தான் என்பது அங்கே வந்துதான் தெரியும். இதற்கு நடுவே அம்மாவின் போன்: வேனைக் கொண்டு வா, அரசு ஆபீசுக்குப் போகணும், பிள்ளைகள் பசியோடு இருக்கின்றன. பின்னாலிருந்து அப்பா தன் டாமினோ விளையாட்டுக் கட்டைகளைக் காணோம் என்று கத்துகிறார். முதலில் கேட்கும்போது சிரிப்பு வரும். மூன்றாவது முறை போன் வரும்போது ஒரு பிணம் விழுந்திருக்கும்.

கோயில் கொடைத் திருவிழாவில் வில்லுப்பாட்டுக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த அமைப்பு அந்நியமாகவே இருக்காது. அண்ணாவி பாடிக்கொண்டே வருவார், சட்டென்று நிறுத்தி வசனத்தில் இறங்குவார். தாய் பேசுவதும் பிள்ளை பேசுவதும் அவர் வாயிலேயே வரும், பக்கப்பாட்டுக்காரர் 'ஆமா' போடுவார். அப்புறம் உடுக்கும் குடமும் சேர்ந்து பாட்டு மறுபடி ஏறும். வசனத்தை வெட்டிவிட்டுப் பாட்டை மட்டும் கேட்டால் யார் எதற்கு அழுகிறார் என்றே புரியாது. 'பேக்சீட் ஃப்ரீஸ்டைல்' இதற்கு நல்ல உதாரணம். தனியாகக் கேட்டால் வெறும் பந்தா, காசும் பெண்ணும் என்று கத்துகிற பாட்டு. ஆல்பத்துக்குள் கேட்டால், அதற்கு முன்னால் வருகிற பேச்சில் கூட்டாளி பீட் சிடியைக் காரில் போடுவது கேட்கும். பின் சீட்டில் உட்கார்ந்திருக்கிற, உலகம் தெரியாத பையனின் வாய் அது என்று புரியும். அடுத்த பாட்டான 'தி ஆர்ட் ஆஃப் பியர் பிரஷர்' அதே பையனை ஒரு வீட்டுக்குள் திருடக் கூட்டிப் போகிறது. கேட்கக் கேட்க எனக்கு வளர்ந்த பாட்டு இதுதான். சத்தமே போடாமல், தணிந்த குரலில், தனியாக இருந்தால் செய்யாததைக் கூட்டாளிகளோடு இருக்கும்போது செய்கிற பையனைக் காட்டிவிடுகிறார். இளவட்டக் கூட்டத்தோடு பைக்கில் திரிந்த யாருக்கும் அந்த இரவு தெரிந்ததாகத்தான் இருக்கும்.

'போயட்டிக் ஜஸ்டிஸ்' முடியும் இடத்திலும் பின்னால் 'மேட் சிட்டி' தொடங்கும் இடத்திலும் பையனிடம் கேட்கப்படுவது ஒரே மாதிரிக் கேள்வி: நீ எந்த ஏரியா, உன் பாட்டி வீடு எங்கே? பதிலைப் பொறுத்து அடி விழும். இதற்கு எனக்கு விளக்கவுரை தேவைப்படவில்லை. நம் பக்கத்தில் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர் "எந்த ஊரு தம்பி?" என்பார். சொன்னதும் அடுத்தது "ஊர்ல எந்தத் தெரு?" என்று வரும். இரண்டாவது கேள்வி எதைத் தேடுகிறது என்று இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். 'குட் கிட்' பாட்டில் சிவப்பும் நீலமும் முதலில் பிளட்ஸ், கிரிப்ஸ் கும்பல்களின் நிறம். அதே இரண்டு நிறங்கள் அடுத்த சரணத்தில் போலீஸ் காரின் விளக்காக மாறிவிடுகின்றன. பையனுக்கு இரண்டு பக்கமும் அடி. நம்மூரில் சாதி நிறம் கையில் கட்டுகிற கயிற்றில் இருக்கிறது. 2023இல் நாங்குநேரியில் ஒரு மாணவன் சக மாணவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகுதான் அரசு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவின் ஒரு நபர் குழுவை அமைத்தது. 2024இல் அந்தக் குழு கொடுத்த அறிக்கை, பள்ளிகளில் இந்த வண்ணக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது. அந்தச் செய்திகள் வந்த நாட்களில் இந்த இரண்டு பாட்டையும் கேட்கவே முடியவில்லை. கம்ப்டனின் கும்பல் சண்டையும் நம் சாதி வன்மமும் ஒன்று என்று சொல்ல வரவில்லை, இரண்டின் வேரும் வேறு. வீட்டு விலாசமே ஒரு பையனுக்கு ஆபத்தாகிவிடுகிற பயம்தான் இரண்டுக்கும் பொது.

இப்போது 'சிங் அபௌட் மீ, ஐ'ம் டையிங் ஆஃப் தர்ஸ்ட்'. பன்னிரண்டு நிமிடம் ஓடும். கிரான்ட் கிரீனின் பழைய கிட்டார் இசையிலிருந்து எடுத்த ஒரு துண்டு முதல் பாதியில் திரும்பத் திரும்ப வரும். முதல் சரணத்தில் பேசுவது செத்துப்போன கூட்டாளியின் அண்ணன் தம்பி முறை ஆள். என் சகோதரனை மடியில் வைத்திருந்தாய், நன்றி, உன் ஆல்பம் வருவதற்குள் நான் செத்தால் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே சுடும் சத்தம் கேட்கிறது, பேச்சு பாதியில் அறுகிறது. பாட்டு நிற்காமல் போகிறது.

இந்தப் பக்கத்துத் தெய்வங்களில் பலர் இப்படி அகாலத்தில் வெட்டுப்பட்டும் குத்துப்பட்டும் போனவர்கள்தான். பாபநாசத்துக்கு மேலே காரையார் சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனுக்குச் செருப்பைக் காணிக்கை வைக்கிறார்கள். பட்டவராயன் என்று கும்பிடப்படும் முத்துப்பட்டன் பிராமணன். பொம்மக்கா, திம்மக்கா என்ற அருந்ததியர் சகோதரிகளைக் கட்டுவதற்காகப் பூணூலைக் களைந்து செருப்புத் தைத்தவன். மாடு கவர வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்தவன். இப்படிச் செத்தவர்கள் கேட்பது தங்கள் கதையை வருடா வருடம் கொடையில் முழுசாகப் பாடச் சொல்லித்தான். கென்ட்ரிக்கின் பாட்டில் செத்தவன் கேட்பதும் அதையேதான்.

ஆனால் இரண்டாம் சரணம் எந்தக் கொடையிலும் நான் கேட்காதது. முந்தைய ஆல்பமான 'செக்ஷன்.80'இல் (2011) கென்ட்ரிக், கீஷா என்ற பெண் தெருவில் சீரழிந்து கொல்லப்பட்ட கதையைப் பாடியிருந்தார். இங்கே கீஷாவின் தங்கை வந்து பேசுகிறாள். என் அக்காவைப் பற்றிப் பாட உனக்கு என்ன உரிமை, அவளுடைய நிலைமை உனக்குத் தெரியுமா, என்னைப் பற்றிப் பாட்டு எழுதாதே என்று சண்டைக்கு வருகிறாள். நான் மங்க மாட்டேன் என்று சொல்லச் சொல்லவே அவள் குரல் மங்கிக்கொண்டே போய் இல்லாமல் ஆகிறது. மூன்றாம் சரணத்தில்தான் கென்ட்ரிக் தன் வாயைத் திறக்கிறார், அதுவும் பதில் சொல்லத் திணறிக்கொண்டு.

பிறர் துக்கத்தைப் பாடிப் பெயர் வாங்குகிற கலைஞன், பாடப்பட்டவர் வீட்டாளையே தன் ஆல்பத்துக்குள் கூப்பிட்டு நிறுத்தித் தன்னைத் திட்ட வைக்கிறான். இதை இவ்வளவு நேர்மையாகச் செய்த ராப் ஆல்பம் வேறு எதுவும் நான் கேட்டதில்லை. கிளாசிக் என்று நான் அடித்துச் சொல்வது இந்தப் பன்னிரண்டு நிமிடத்தின் மேல் நின்றுதான். மற்றதெல்லாம் சுமாராக இருந்திருந்தாலும் இதையே சொல்லியிருப்பேன்.

தேய்ந்தவை பற்றி. 'போயட்டிக் ஜஸ்டிஸ்' இப்போது எனக்கு ஒட்டவில்லை. ஜேனட் ஜாக்சன் பாட்டிலிருந்து எடுத்த இசை இனிமையாகத்தான் இருக்கிறது, ராப்பர் டிரேக் வந்ததும் அது ரேடியோவுக்குச் செய்த காதல் பாட்டாகிவிடுகிறது. கடைசிப் பாட்டு 'கம்ப்டன்' அதைவிடப் பெரிய பிரச்சினை. அதற்கு முந்தைய 'ரியல்' பாட்டில் அப்பா போனில் வந்து, ஆளைக் கொல்வது பெரிய விஷயமில்லை, குடும்பத்தைப் பார்த்துக்கொள்வதுதான் நிஜம் என்கிறார். அம்மா, நீ தப்பித்து வந்தால் திரும்பி வந்து உன் கதையை இந்தப் பிள்ளைகளுக்குச் சொல் என்கிறார். அங்கே கதை முடிந்துவிட்டது. அதற்கப்புறம் அதே ஊர்க்கார மூத்த ராப்பர் டாக்டர் டிரேயோடு சேர்ந்து ஊர்ப் பெருமை முழங்குகிற பாட்டு, சாமி மலையேறிய பிறகு போடுகிற மேளம் மாதிரி இருக்கிறது. நாஸ் ரசிகனுக்கு இந்த இடத்தில் நான் முழுப் புள்ளியும் கொடுத்துவிடுகிறேன்.

ஷெரேன் விஷயத்திலும் எனக்கு மனத்தாங்கல் உண்டு. எல்லாம் அவளில் தொடங்குகிறது, அவள் பக்கத்து நியாயம் ஒரு வரிகூட வரவில்லை. கீஷாவின் தங்கைக்குக் கிடைத்த வாய் அவளுக்குக் கிடைத்திருக்கலாம்.

'ஸ்விம்மிங் பூல்ஸ்' நேர் எதிர். ஊரெல்லாம் குடிப் பாட்டாகப் போட்டு ஆடியதால் முதலில் எனக்கு அலுத்திருந்தது. தாத்தா பாட்டிலோடு இருந்ததைப் பார்த்து வளர்ந்த பையன், நடுவில் மனசாட்சியே வந்து நிறுத்து என்று சொல்கிற சரணம், இரண்டையும் கவனித்த பிறகு அது என் வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக் கதையாகிவிட்டது.

விருதுகளை வைத்து யாரும் என்னிடம் பேச வேண்டாம். 2014 கிராமியில் ஏழு பரிந்துரைகளோடு போய் கென்ட்ரிக் வெறுங்கையோடு திரும்பினார். சிறந்த ராப் ஆல்பம் மேக்ல்மோர், ரையன் லூயிஸின் 'தி ஹைஸ்ட்'டுக்குப் போனது. மேக்ல்மோரே, இது உனக்கு வந்திருக்க வேண்டும் என்று மெசேஜ் அனுப்பி அதை வெளியிலும் காட்டினார். அமெரிக்காவில் அதிகம் கேட்கப்படும் ஆல்பங்களின் பில்போர்ட் 200 பட்டியலில் இந்த ஆல்பம் பத்து வருடத்தைத் தாண்டி நின்றது மட்டும் எனக்கு முக்கியம். ஜனங்கள் திரும்பத் திரும்பக் கேட்டால்தான் அது நடக்கும்.

எங்கள் செட்டில் இன்னொருவர், வயதில் மூத்த அண்ணன், "தம்பி, கென்ட்ரிக்னா 2015ல வந்த 'டு பிம்ப் எ பட்டர்ஃப்ளை'தான். இது அதுக்குப் படிக்கட்டு" என்பார். ஜாஸும் ஃபங்க்கும் கலந்த அந்த ஆல்பம் இசையில் இன்னும் பெரியது, மறுப்பே இல்லை. ஆனால் அதை உட்கார்ந்து கேட்க ஒரு மனநிலை வேண்டும். இது நாங்குநேரி டோல்கேட் நெருக்கத்திலும், ஜன்னலோரம் வெயில் அடிக்கும்போதும் உள்ளே இழுத்துவிடுகிறது.

புதிதாகக் கேட்கப் போகிறவர்களுக்கு: ஆப்பில் ஷஃபிளை முதலில் அணைத்துவிடுங்கள். இலவசக் கணக்கில் பாட்டுக்கு நடுவே விளம்பரம் நுழைந்து போன் பேச்சையும் பாட்டையும் பிரித்துவிடும், ஒரு மாதம் மட்டுமாவது பணம் கட்டிக் கேளுங்கள். ஸ்பீக்கரைவிட இயர்போன் நல்லது, இந்தப் பேச்சுகள் பல மெல்லிய சத்தத்தில் இருக்கின்றன. கம்ப்டன் கொச்சை எனக்கும் முதலில் பாதி பிடிபடவில்லை, வரிகளைத் திறந்து வைத்துக்கொண்டு ஒருமுறை கேட்டால் போதும். கெட்ட வார்த்தைகள் நிறைய உண்டு, வீட்டு ஹாலில் போடும் ஆல்பம் இல்லை. டீலக்ஸ் பதிப்பைவிடப் பன்னிரண்டு பாட்டுள்ள சாதாரணப் பதிப்பை எடுங்கள். 'கம்ப்டன்' முடிவில் பையன் அம்மாவிடம் வேனைக் கொஞ்ச நேரத்துக்குக் கேட்கிறான், அது நேராக முதல் பாட்டில் போய்ச் சேரும். டீலக்ஸில் அந்த இடத்தில் வேறு பாட்டுகள் வந்து விழுகின்றன. அவற்றில் 'பிளாக் பாய் ஃப்ளை' மட்டும் விடக்கூடாதது. கம்ப்டனிலிருந்து தப்பி மேலே போன பையன்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டதைப் பாடுகிறார். அதை வேறொரு நாள் தனியாகக் கேளுங்கள்.