ஐந்து பின்னேரம் முற்பிதாக்களோடு

யாழ்ப்பாணம் டவுனில் ஒரு தேவாலய மண்டபத்தில் போன மாதம் நடந்த வேதபாட வகுப்புக்கு அக்கா இழுத்ததால்தான் போனேன். ஆதியாகமத்தில் வரும் முற்பிதாக்கள், அதாவது ஆபிரகாம், அவர் மகன் ஈசாக்கு, பேரன் யாக்கோபு பற்றிய பாடம். ஆறு மணிக்கு என்றார்கள், ஒருநாளும் ஆறரைக்கு முதல் தொடங்கவில்லை. கட்டணம் இல்லை, போட்டோக்கொப்பிக்கு மட்டும் 300 ரூபாய், அதிலும் எனக்குக் கிடைத்ததில் கடைசிப் பக்கம் இல்லை.

ஆனால் படிப்பித்த ஐயா கெட்டிக்காரர். ஆபிரகாமை விசுவாசத்தின் தகப்பன் என்று தூக்கி வைத்துவிட்டு ஓடவில்லை. 75 வயதில் ஆரானை விட்டுப் புறப்பட்ட அதே மனுஷன் உயிருக்குப் பயந்து எகிப்தில் மனைவியைச் சகோதரி என்றார், பிறகு கேராரிலும் அதையே சொன்னார். இரண்டு இடத்தையும் எங்களைக்கொண்டே வாசிப்பித்தார். யாக்கோபு கையில் ஆட்டுக்குட்டித் தோலைச் சுற்றிக்கொண்டு கண் தெரியாத தகப்பனை ஏமாற்றியவன். பல வருடம் கழித்து ஆட்டு இரத்தம் தோய்ந்த மகன் யோசேப்பின் அங்கியைக் காட்டி யாக்கோபின் மற்றப் பிள்ளைகள் அவனை ஏமாற்றுகிறார்கள். "ஆட்டைக் கவனியுங்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டு ஐயா தண்ணீர் குடித்தார்.

யாக்கோபின் அண்ணன் ஏசா பயற்றங்கூழுக்கு மூத்த மகன் உரிமையை விற்ற இடத்தில், ஒடியல் கூழ் என்றால் தானும் யோசித்திருப்பேன் என்றார் பின்வரிசை அம்மா ஒருவர்.

எனக்கு மிகவும் பிடித்தது மக்பேலா குகையை வாங்கிய கதை. ஆபிரகாம் மனைவி சாராளை அடக்கம் செய்ய இடம் கேட்டால், நிலத்துக்காரன் எப்ரோன் முதலில் சும்மா தருகிறேன் என்கிறான், அப்புறம் 400 சேக்கல் வெள்ளி எம்மாத்திரம் என்று விலையையும் நைசாகச் சொல்லிவிடுகிறான். ஆபிரகாம் பேரம் பேசாமல் ஊரார் முன்னால் வெள்ளியை நிறுத்துக் கொடுக்கிறார். நிலம், குகை, எல்லைக்குள் நின்ற மரங்கள் என்று வரிசையாக வருவதைக் கேட்க, நொத்தாரிசு காணி உறுதி வாசிப்பது போலவே இருந்தது.

குறை என்றால் ஈசாக்கு. பத்தே நிமிடம்! தகப்பன் காலத்துக் கிணறுகளை பெலிஸ்தர் மண் போட்டு மூட, திரும்பத் தோண்டியவர். ஏசேக்கு என்ற கிணற்றில் சண்டை, சித்னா என்ற அடுத்த கிணற்றிலும் சண்டை, விட்டுவிட்டு நகர்ந்து மூன்றாவதாக ரெகொபோத்தைத் தோண்டுகிறார். வேலிக் கதியாலை ஒரு முழம் தள்ளி நட்டால் கோட்டுக்குப் போகிற ஊரில் இதை இப்படிக் கடக்கலாமா? எங்கள் பங்குக் கிணற்று வழக்கு அப்பா காலத்தில் தொடங்கியது, இன்னும் தவணைதான். ஈசாக்கு விலகிப் போனது விசுவாசத்திலா, பயத்திலா என்று கேட்கக் கை தூக்கினேன், அதற்குள் பிளேன்டீயும் றோல்ஸும் வந்துவிட்டன. றோல்ஸ் ஆறியிருந்தது, உறைப்பு மட்டும் சரி.